கண்காட்சி முடிந்தபின் மிஞ்சும் பொருள்களை ஊருக்குப் பயன்படச் செய்வது எப்படி?

தற்காலிகக் கண்காட்சி ஒன்று முடியும் நாளில், இரவல் வாங்கிக் காட்டிய சிலைகளும் ஓவியங்களும் உரிய கவனத்தோடு தத்தம் பெட்டிகளுக்குத் திரும்புகின்றன. அவற்றைத் தாங்கி நின்ற பீடங்களும் தடுப்புச் சுவர்களும் விளக்கப் பலகைகளும் மறுநாள் காலையில் குப்பை லாரியில் ஏறுகின்றன. எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகைகள் கடப்பாரையால் நெம்பப்பட்டு முனை சிதைந்து குப்பைக் கிடங்குக்குப் போவதையும், அதே ஊரின் கிளை நூலகத்தில் அலமாரி இல்லாமல் புத்தகங்கள் தரையில் அடுக்கப்பட்டிருப்பதையும் ஒரே வாரத்தில் பார்த்த ஆதங்கத்தில்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். சிறிய, நடுத்தர அருங்காட்சியகங்களில் கண்காட்சிப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், அவர்களிடம் பொருள் கேட்டுச் செல்ல விரும்பும் பள்ளி, நூலகம், நாடகக் குழுவினருக்கும் இது உதவும்.

வேலை தொடங்க வேண்டியது வரைபடத்தில்

பிரிக்கும் நாளில் தொடங்கும் மறுபயன்பாடு பெரும்பாலும் தோற்றுப்போகிறது. அரங்கைக் காலி செய்ய இரண்டு நாள் அவகாசம்தான் இருக்கும். ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கு வேகமே முக்கியமாக இருக்கும். பசை வைத்து ஆணி அடித்த பலகையை உடைக்காமல் பிரிக்க எந்தத் தச்சராலும் முடியாது. நம் ஊர்ப் பந்தல்காரரின் வேலையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சவுக்குக் கம்பும் மூங்கிலும் கயிற்றுக் கட்டால் இணைகின்றன. முகூர்த்தம் முடிந்ததும் கட்டை அவிழ்த்தால் கம்பு முழுதாகக் கைக்கு வருகிறது, அடுத்த வீட்டுக்குப் போகிறது. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், தென்மாநிலங்களின் ஊர்களிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்ட பழைய வீடுகளே மறுபடி எழுப்பப்பட்டு நிற்கின்றன. முழு வீட்டையே பிரித்துக் கூட்ட முடிகிறதென்றால், மூன்று மாதத் தடுப்புச் சுவரை அப்படிச் செய்வதில் தடை எதுவும் இல்லை.

ஆகவே வடிவமைப்பாளரிடம் முதல் கூட்டத்திலேயே சில நிபந்தனைகளைச் சொல்லிவிடுங்கள். ஆணிக்கும் பசைக்கும் பதிலாகத் திருகாணியும் போல்ட்டும் பயன்பட வேண்டும். சுவர்களின் அளவு நான்கு அடியின் மடங்காக அமைந்தால் பலகைகளை வெட்டாமல் முழுதாக நிறுத்தலாம். எழுத்தையும் படத்தையும் சுவரின் மேல் நேரடியாக ஒட்டாமல் தனிப்பலகையில் அச்சிட்டு மாட்டினால், சுவர்ப் பலகை சேதமில்லாமல் மிஞ்சும். கண்காட்சி முடிந்தபின் இந்தப் பொருள்கள் யாருக்குச் சொந்தம் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். இந்த ஒரு வரி இல்லாததால், கொடுக்க மனமிருந்தும் கொடுக்க உரிமையில்லாமல் நின்ற ஒரு நிறுவனத்தை நான் அறிவேன்.

வெளியே போகக் கூடாதவை

சேகரிப்புப் பதிவேட்டில் ஏறிய எந்தப் பொருளும் இந்தப் பேச்சுக்குள் வராது. நாம் பேசுவது காட்சிக்காகச் செய்யப்பட்ட மரம், கண்ணாடி, துணி, விளக்கு ஆகியவற்றைப் பற்றி மட்டுமே. சுதையிலோ ஃபைபரிலோ செய்த நகல் சிலைகளைப் பள்ளிக்குக் கொடுக்கலாம். ஆனால் அடிப்பகுதியில் ‘நகல்’ என்ற சொல்லையும் செய்த ஆண்டையும் அழியாதபடி பொறித்த பிறகே கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பத்தாண்டு கழித்து அது தொல்பொருளாக யாரிடமாவது விலைபோகக்கூடும். பாடம் செய்த விலங்குகளும் பறவைகளும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை என்பதால் அவற்றைத் தொடவே வேண்டாம். அத்தகைய மாதிரிகளைப் பூச்சி அரிக்காமல் காக்க ஒருகாலத்தில் ஆர்சனிக்கும் பாதரசக் குளோரைடும் பூசினார்கள். ஆகவே அவை இருந்த பழைய இழுப்பறைகளையும் அலமாரிகளையும் எவ்வளவு நல்ல தேக்காக இருந்தாலும் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

வண்ணம் பூசிய பழைய பலகைகளிலும் எச்சரிக்கை தேவை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியதையும், பூசிய ஆண்டு தெரியாததையும் குழந்தைகள் புழங்கும் இடத்துக்கு அனுப்பாதீர்கள், உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் செய்யாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மரப்பெட்டிகளில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு முத்திரை இருக்கும். அதன் அருகில் ‘ஹெச்.டி’ (HT) என்னும் எழுத்துகள் இருந்தால், மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடமாவது சூடாக்கப்பட்டது என்று பொருள்; அதைப் பெஞ்சாக மாற்றலாம். ‘எம்.பி’ (MB) என்று இருந்தால் பூச்சிகொல்லியான மெத்தில் புரோமைடு புகையூட்டப்பட்ட மரம்; அதை மேசை, நாற்காலி ஆக்க வேண்டாம். காட்சிப்பெட்டிகளுக்குள் வைக்கும் நீலநிற சிலிகா ஜெல்லில் கோபால்ட் குளோரைடு என்னும் நச்சு இருப்பதால், பெட்டியைக் கொடுக்கும் முன் அதைத் தேடி எடுத்துவிடுங்கள்.

எது எதற்கு உதவும்

மிகுதியாகக் கிடைப்பதும் மிகுதியாகப் பயன்படுவதும் பிளைவுட்தான். பலகையின் பின்பக்கத்து முத்திரையை முதலில் பாருங்கள். ஐ.எஸ் (இந்தியத் தரநிலை) 710 என்று இருந்தால் அது நீரைத் தாங்கும் மரைன் ரகம். மழைச்சாரல் அடிக்கும் தாழ்வாரத்துக்கும் கடலோர ஊருக்கும் அதை ஒதுக்குங்கள். ஐ.எஸ் 303 முத்திரையோடு எம்.ஆர் (ஈரப்பதத்தை ஓரளவு தாங்கும் ரகம்) என்று இருந்தால் அதைக் கட்டடத்துக்கு உள்ளே மட்டும் பயன்படுத்துங்கள். 18 மில்லிமீட்டர் பலகை புத்தக அலமாரிக்கும், 12 மில்லிமீட்டர் பலகை அறிவிப்புப் பலகைக்கும் தட்டியின் முகப்புக்கும், 6 மில்லிமீட்டர் அலமாரியின் முதுகுக்கும் சரியாக இருக்கும். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகை பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும் ஈரம் பட்டால் ஊதிவிடும். அதன் விளிம்பில் ஒருமுறை போட்ட திருகாணி மறுமுறை பிடிப்பதில்லை. அதனால் எம்.டி.எஃப் பீடங்களைப் பிரிக்காமல் அப்படியே கொடுப்பதே நல்லது.

கண்ணாடியில் பலரும் ஏமாறுகிறார்கள். காட்சிப்பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் வலுவூட்டப்பட்ட டஃபன்டு கண்ணாடி. அதை வெட்ட முயன்றால் முழுத்தகடும் சிறு துண்டுகளாக நொறுங்கிவிடும். இருக்கும் அளவிலேயே மேசைமேல் தகடாகவோ, பள்ளி அறிவியல் கூடத்தின் பெட்டியாகவோ பயன்படுத்த இயலுமா என்று பார்ப்பதே வழி. அக்ரிலிக் தகடுகளை வெட்டலாம், துளையிடலாம்.

விளக்குகளை, அவை மாட்டியிருக்கும் தண்டவாளம் (டிராக்), மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் ஆகியவற்றோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். அருங்காட்சியகத்தில் துணிக்கும் தாளுக்கும் 50 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) ஒளியே போதுமென்று வைக்கிறோம். வகுப்பறைக்கோ ஏறத்தாழ 300 லக்ஸ் வேண்டும். ஆகவே குறுகிய கற்றை வீசும் டிராக் விளக்குகளைப் படிக்கும் அறைக்கு அனுப்பினால் கண்தான் கூசும். அவை தெருக்கூத்துக் குழுவின் மேடைக்கோ பள்ளி ஆண்டுவிழா அரங்குக்கோ பொருத்தமானவை.

ஃபிளெக்ஸ் பேனர்களைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவை பி.வி.சி, எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் வெளிவரும், வெயிலில் கிடந்தால் வெடித்துத் தூளாகும். மழைக்காலத்தில் குடிசைக் கூரையின் மேல் மக்கள் அவற்றைப் போர்த்திக்கொள்வது உண்மைதான், ஆனால் அதைக் காட்டி மேலும் மேலும் அச்சிடுவது நியாயமாகாது. அடுத்த கண்காட்சிக்குப் பருத்தித் துணியில் அச்சிடுங்கள். அந்தத் துணியை மகளிர் சுயஉதவிக் குழுவினர் பையாகவும் உறையாகவும் தைக்க முடியும். தைக்கக் கொடுக்கும் முன் படங்களைப் பிரித்துப் பாருங்கள். தெய்வத் திருவுருவமோ, பழங்குடி மக்களின் முகமோ மிதியடியாகவோ பையின் அடிப்பகுதியாகவோ ஆகிவிடக் கூடாது. அந்த மனிதர்கள் தம் முகத்தைக் காட்சிக்காகத்தான் கொடுத்தார்கள்.

விளக்கப் பலகைகளே பள்ளிக்கு மிகவும் உகந்த கொடை. கல்வெட்டு எழுத்துகளின் வளர்ச்சியைக் காட்டும் ஒரு பலகை, வரலாற்று ஆசிரியருக்குப் பல ஆண்டுகள் துணைநிற்கும். படங்களின் உரிமையாளரிடம் இதற்கும் சேர்த்து முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவையுங்கள்.

பெறுபவரைக் கேட்பது

கண்காட்சி முடிவதற்கு ஆறு வாரம் முன்பே ஒவ்வொரு பொருளையும் படமெடுத்து, நீளம், அகலம், உயரம், எடை, தன்மை ஆகியவற்றோடு தமிழில் ஒரு பட்டியல் தயாரியுங்கள். பிறகு அந்தப் பட்டியலோடு நேரில் போங்கள். தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். தலைமையாசிரியரிடமும் நூலகரிடமும் அங்கன்வாடிப் பணியாளரிடமும் “இதில் எது வேண்டும்?” என்பதற்கு முன் “உங்களுக்கு இங்கே என்ன குறை?” என்று கேளுங்கள். மூன்றரை அடி உயரப் பீடத்தை அப்படியே அங்கன்வாடியில் இறக்கினால் குழந்தை அதன்மேல் ஏறி விழும். அதையே குறுக்கே அறுத்து, முனைகளை உருட்டி, சுவரோடு பிணைத்துக் கொடுத்தால் பொம்மை அலமாரி ஆகும். இடமில்லாத பள்ளிக்குப் பெரிய பொருளைத் தள்ளிவிடுவது, நம் குப்பையை அவர்கள் தலையில் கட்டுவதற்குச் சமம். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குத் தயக்கம் இருக்கும் என்பதால், மறுக்கும் உரிமை உண்டு என்பதை நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும்.

அறுக்கும் கூலியும் வண்டி வாடகையும் பெறுபவரின் செலவாகக் கூடாது. அவற்றைக் கண்காட்சியின் வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒரு தலைப்பாகச் சேர்த்துவிட்டால், இறுதியில் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. அருகில் தொழிற்பயிற்சி நிலையம் இருந்தால், பயிற்றுநரின் மேற்பார்வையில் மாணவர்களே அலமாரி செய்ய முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

தாள் வேலை

மத்திய அரசு நிறுவனங்களைப் பொது நிதி விதிகள் 2017 கட்டுப்படுத்துகின்றன. மதிப்பு 2 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட உபரிப் பொருள்களை டெண்டர் அல்லது பொது ஏலம் வழியாக அகற்ற வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. மாநில அரசு அருங்காட்சியகங்கள் தம் துறையின் எழுத்துமூல ஆணையைப் பெற வேண்டும். அறக்கட்டளைகளுக்கு நிர்வாகக் குழுத் தீர்மானம் வேண்டும். எந்த அமைப்பாக இருந்தாலும் இருப்புப் பதிவேட்டிலிருந்து முறையாக நீக்கிய பின்னரே பொருள் வாசலைத் தாண்ட வேண்டும். பொருளை ஒப்படைக்கும் கடிதத்தில் பொருள்களின் பட்டியல், அவற்றின் நிலை, தேதி, இரு தரப்புக் கையெழுத்து ஆகியவை போதும். நிதி உதவியவர்களின் சின்னங்களை அகற்றிவிடுங்கள்.

சேமித்து வைக்க ஓர் இடம்

கொடுக்கும் நாளும் பெறும் நாளும் பொருந்தாமல் போவதே கடைசித் தடை. நியூயார்க் நகர நிர்வாகம் 1978இல் தொடங்கிய ‘மெட்டீரியல்ஸ் ஃபார் த ஆர்ட்ஸ்’ இதற்குக் கண்ட தீர்வு ஒரு பொதுக்கிடங்கு: நிறுவனங்கள் மிஞ்சியதை அங்கே சேர்க்கின்றன, அரசுப் பள்ளிகளும் இலாபநோக்கற்ற கலை அமைப்புகளும் வந்து வேண்டியதை இலவசமாக எடுத்துச் செல்கின்றன. ஒரே நகரத்திலுள்ள இரண்டு மூன்று அருங்காட்சியகங்கள் சேர்ந்து, மழை ஒழுகாத, கரையான் ஏறாதபடி தரையிலிருந்து உயர்த்திய ஒரு கொட்டகையை ஏற்படுத்தினால் நமக்கும் அது போதுமானது. பொறுப்பாளர் ஒருவரை நியமித்து, ஆறு மாதத்துக்கு மேல் எவரும் கேட்காத பொருளைக் காயலான் கடைக்கு விற்று, அந்தப் பணத்தை வண்டி வாடகைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பொருளைக் கொடுத்து மூன்று மாதம் கழித்து, ஒரு திருப்புளியோடு அந்தப் பள்ளிக்கும் நூலகத்துக்கும் போய்வாருங்கள். தளர்ந்த திருகாணிகளை முடுக்குங்கள். எது பயன்படுகிறது, எது மூலையில் கிடக்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்பை அடுத்த கண்காட்சியின் வரைபடத்தோடு வடிவமைப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.