ஹிமாலயன் 411-ஆ, 450-ஆ? முதல் தடவை எடுப்பவர்களுக்கு

ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் பைக்கில் பழையது 411, புதியது 450; இரண்டும் இன்ஜின் சி.சி.யை ஒட்டிய பெயர். எதை எடுப்பது என்று மாதத்துக்கு ஒருத்தராவது கேட்டுவிடுகிறார்கள். "அண்ணா, பழைய ஹிமாலயன் ஒன்றரை லட்சத்துக்கு வருது, எடுத்துடவா, இல்ல லோன் போட்டு 450-க்கே போயிடவா?" ஒரே வரியில் பதில் சொல்ல வரவில்லை, அதனால் நான் எந்த வரிசையில் யோசிப்பேனோ அதே வரிசையில் இங்கே எழுதிவிடுகிறேன். என்னிடம் இருப்பது 2019 மாடல் 411. 450-ஐ நண்பனிடம் கெஞ்சி வாங்கி இரண்டு தடவை வால்பாறை போய் வந்திருக்கிறேன். 411 பக்கம் கொஞ்சம் பாசம் தெரிந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

1. எந்த வருஷத்து வண்டி என்று பாருங்கள்

"பழைய ஹிமாலயன்" என்று ஒரே வண்டி கிடையாது. 2016-ல் வந்தது பி.எஸ்.3 (பி.எஸ். என்பது பாரத் ஸ்டேஜ், அரசின் புகை அளவு விதி), பெட்ரோலையும் காற்றையும் பழைய முறையில் கலக்கும் கார்புரேட்டர். 2017-ல் பி.எஸ்.4 ஆனபோது அதற்குப் பதிலாக மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. 2018 கடைசியில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். சேர்ந்தது. 2020 தொடக்கத்தில் பி.எஸ்.6, அதோடு பின் சக்கர ஏ.பி.எஸ்.ஸை அணைக்கும் வசதி. 2021-ல் வழிகாட்டும் குட்டித் திரை ஒன்று மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. 2023 நவம்பரில் 450 வந்தது, 411 விடைபெற்றது.

புதிதாக ஓட்டப்போகிறவர் கார்புரேட்டர் வண்டியை விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாக வந்தாலும். ஏ.பி.எஸ். இல்லாததும் வேண்டாம். பின் ஏ.பி.எஸ்.ஸை எதற்கு அணைக்க வேண்டும் என்று கேட்டால், சரளைக்கல் இறக்கத்தில் பின் சக்கரம் வழுக்க ஆரம்பித்த உடனே ஏ.பி.எஸ். பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும், வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருப்பது போலத் தோன்றும். என் 2019 வண்டியில் அந்த சுவிட்ச் இல்லை, மேகமலையில் ஒரு இறக்கத்தில் அதை நினைத்து நொந்துகொண்டேன். ஆகவே 411 என்று முடிவானால் 2020 பி.எஸ்.6 அல்லது அதற்குப் பிந்தையதைத் தேடுங்கள்.

2. போன மாதம் எங்கே ஓட்டினீர்கள் என்று எழுதுங்கள்

லடாக் கனவையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, போன மாதம் நிஜமாகவே வண்டி போன இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஆபீஸ், கடை, ஊர், மலை. முக்கால்வாசி முடிவு இந்தத் தாளிலேயே வந்துவிடும்.

காரணம் இன்ஜின். 411 காற்றும் ஆயிலும் குளிர்விக்கும் சாதாரண இரண்டு வால்வு இன்ஜின், சிலிண்டர் அகலம் 78 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 86. அதாவது நீள ஸ்ட்ரோக். 24.5 எச்.பி.தான், ஆனால் 32 நியூட்டன் மீட்டர் இழுவை இன்ஜின் நிமிஷத்துக்கு 4,000 சுற்று சுற்றுவதை ஒட்டியே கிடைத்துவிடுகிறது. 450 அப்படியே தலைகீழ்: 84-க்கு 81.5, நான்கு வால்வு, ரேடியேட்டர், சுமார் 39.5 எச்.பி. சக்தி 8,000 சுற்றில், 40 நியூட்டன் மீட்டர் 5,500-ல்.

இந்த எண்கள் கையில் எப்படித் தெரியும்? ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி. 411-ல் இரண்டாவது கியரைப் போட்டுவிட்டு, வளைவில் லாரிக்கு வழிவிட்டு, கிட்டத்தட்ட நின்று, மறுபடி ஆக்சிலரேட்டரைத் திருகினால், டுப் டுப்பென்று முனகிக்கொண்டே ஏறிவிடும். 450-ல் அதே இடத்தில் சுற்று 3,000-க்குக் கீழே போய்விட்டால் வண்டி ஒரு கணம் தயங்கும், கிளட்ச்சை லேசாகப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் கியர். பழகிவிடும்தான். ஆனால் புதிதாக ஓட்டுகிறவருக்கு அந்த ஒரு கணம்தான் கால் ஊன்றுகிற கணம்.

நான்குவழிச் சாலைக்கு வந்தால் கதை மாறிவிடுகிறது. 411 தொண்ணூறு, தொண்ணூற்றைந்து வரை சந்தோஷமாகப் போகும், நூறைத் தாண்டினால் முன்னால் போகும் பஸ்ஸை முந்த நெடுந்தூரம் யோசிக்க வேண்டும். 450 நூற்றுப்பத்தில் ஆறாவது கியரில் அலட்டிக்கொள்ளாமல் போகிறது, முந்த இன்னும் சக்தி மிச்சம். உங்கள் தாளில் சென்னைக்கும் ஊருக்கும் மாதம் இரண்டு தடவை என்று இருந்தால் இதற்கு மேல் படிக்கவே வேண்டாம், 450-தான்.

3. உட்கார்ந்து பாருங்கள், நிஜ ஷூவோடு

411-ன் சீட் உயரம் 800 மில்லிமீட்டர். 450-ல் 825, அதை 845 வரை ஏற்றலாம், தாழ்வான சீட் தனியாக வாங்கினால் 805. இரண்டுமே இருநூறு கிலோவை ஒட்டிய வண்டிகள் (பி.எஸ்.6 411 199 கிலோ, 450 196). மூன்று கிலோ வித்தியாசம் ஒன்றுமில்லை, உயரம்தான் விஷயம்.

ஷோரூமின் வழவழப்பான தரையில் உட்கார்ந்து "கால் எட்டுது" என்று சொல்லிவிடாதீர்கள். வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள். வண்டியின் ஒரு பக்கம் சரிவாக இருக்கிற இடத்தில் நிறுத்தி, பள்ளமான பக்கத்துக் காலை ஊன்றிப் பாருங்கள். கீழே போடுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போடுகிறார்கள். பின்னால் உட்காரப்போகிறவரையும் கூட்டிப்போங்கள், ஏறி இறங்கிப் பார்க்கட்டும். என் வீட்டில் அம்மா 411-லேயே சிரமப்பட்டுத்தான் ஏறுகிறார்.

4. பணக் கணக்கு

450 வந்தபோது ஷோரூம் விலை 2.69 லட்சத்தில் ஆரம்பித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், முன்பு செஸ்ஸோடு சேர்த்து 31. அதனால் இப்போது மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதன் மேல் தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட புது இருசக்கர வண்டிக்குச் சாலை வரி 12 சதவீதம், அப்புறம் இன்சூரன்ஸ். மூன்றரை லட்சத்துக்குக் குறைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

411 எடுத்தால் வண்டி விலையோடு இருபதாயிரத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். டயர், செயின் செட், பிரேக் பேடு, கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) என்று அது எப்படியும் போய்விடும். இரண்டு வண்டிக்கும் பொதுவாக நல்ல ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ. இதைக் கழித்த பிறகுதான் வண்டி பட்ஜெட்.

5. 411 பார்க்கப் போகும்போது

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏமாறுவது இங்கேதான்.

போன் செய்யும்போதே "நான் வருகிற வரைக்கும் ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பேச்சை ஆரம்பிப்பதற்கு முன் இன்ஜின் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தமில்லை, ஆனால் ஆறும் வரை டீ குடித்துவிட்டு வரலாம். குளிர்ந்த இன்ஜினில்தான் சத்தம் தெரியும். லேசான டேப்பெட் சத்தம் (வால்வு பக்கம் கேட்கும் டிக் டிக்) இந்த இன்ஜினுக்குச் சகஜம், வால்வு இடைவெளியைச் சரிபார்த்தால் அடங்கும். அடியிலிருந்து கடகடவென்று கனமாக வந்தால் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்து கோன் செட். வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் போட்டு, கூட வந்தவரைப் பின்னால் அமுக்கச் சொல்லுங்கள், முன் சக்கரம் தூக்கிக்கொள்ளும். ஹேண்டிலை இரண்டே விரலால் இடதிலிருந்து வலதுக்கு மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி "டக்" என்று நின்றால் பேரிங் தேய்ந்துவிட்டது. வாங்கக் கூடாது என்பதில்லை, விலையில் குறைக்கலாம்.

பின் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது பல்சக்கரத்தில், செயினை விரலால் பின்பக்கமாக இழுத்துப் பாருங்கள், பல்லில் பாதி வெளியே தெரிந்தால் மொத்த செட்டும் மாற்ற வேண்டும். ஸ்போக்குகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டினால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சத்தம் தர வேண்டும், மந்தமாகக் கேட்பது தளர்ந்தது. முன் ஃபோர்க்கில் ஆயில் கசிவு, அடியில் இருக்கும் தகட்டில் நசுங்கல், இரண்டையும் குனிந்து பாருங்கள்.

மீட்டரை நம்பாதீர்கள். ஒருவர் 18,000 கிலோமீட்டர் என்று காட்டிய வண்டியில் கியர் லீவர் ரப்பர் வழித்தெடுத்த மாதிரி மொழுக்கென்று இருந்தது, கைப்பிடி மட்டும் புத்தம் புதுசு. சர்வீஸ் பில் கேட்டேன், "தம்பி, நம்பிக்கைதான் முக்கியம்" என்றார். நம்பிக்கையோடு திரும்பி வந்துவிட்டேன்.

6. பேப்பர்

ஆர்.சி.யில் இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும், நீங்களே பாருங்கள். லோன் இருந்திருந்தால் ஹைப்பாதிகேஷன் (வண்டி கடனுக்கு அடமானம் என்ற பதிவு) நீக்கியாகிவிட்டதா என்று அரசின் பரிவாகன் தளத்தில் பார்த்துவிடலாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பெங்களூர் பதிவு வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று பாய்ந்துவிடாதீர்கள், அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, மறுபதிவு முடிவதற்குள் அந்த மலிவு காணாமல் போய்விடும்.

7. 450 எடுப்பவர்களுக்கு

சுருக்கமாக முடிக்கிறேன். ஸ்போக் வீலிலேயே டியூப்லெஸ் வருகிறது, கூடுதல் பணம் கொடுத்தாவது அதை எடுங்கள். ரேடியேட்டருக்குக் கம்பிவலைக் கார்டு போடுங்கள், முன் சக்கரம் கல்லை நேராக அங்கேதான் எறியும். பழைய 450 வாங்கினால் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் அளவையும் ரேடியேட்டர் தகடுகள் மடங்கியிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். ஆக்சிலரேட்டருக்குக் கேபிள் கிடையாது, எல்லாம் மின்னணு, ஆகவே வழியில் ஏதாவது ஆனால் மெக்கானிக் அண்ணன் கையை விரிப்பார். 411-ல் அவரே உட்கார்ந்து பிரித்துப் போட்டுவிடுவார்.

8. வண்டி வந்த முதல் ஞாயிறு

டியூப் டயர் வண்டி எடுத்தவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டு வாசலிலேயே பின் சக்கரத்தைக் கழற்றி, டயர் லீவரால் டயரை விலக்கி, டியூபை வெளியே எடுத்து, திரும்ப மாட்டுங்கள். முதல் தடவை எனக்கு இரண்டரை மணி நேரம் ஆனது, டியூபை லீவரில் கிள்ளி நானே ஒரு பஞ்சரும் போட்டேன், எதிர்வீட்டுத் தாத்தா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கடைசி வரை பார்த்தார். இப்போது நாற்பது நிமிஷம். ஆக்ஸில் நட்டுக்குச் சரியான ஸ்பேனர் டூல் கிட்டில் இருக்கிறதா என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.