சோழர் கோயில்களுக்குப் பிள்ளைகளோடு போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ஒரு மே மாதம். தஞ்சைப் பெரிய கோயிலுக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. சின்னவனுக்கு அப்போது நாலு வயது. ராஜராஜன் வாசல் என்கிற கோபுர வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்தான், அதற்குமேல் முடியவில்லை. ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் மேல் வைத்துக்கொண்டு, அழக்கூடத் தோன்றாமல் என்னை நிமிர்ந்து பார்த்தான். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நந்தி மண்டப நிழலுக்கு ஓடினேன். பின்னாலேயே மூத்தவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். நடை சாத்துவதற்குள் சந்நிதியைப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அன்று வேறு எதையும் பார்க்கவில்லை. ராத்திரி லாட்ஜில், "பெரிய கோயில்ல என்னம்மா பார்த்தே?" என்று மூத்தவளிடம் கேட்டேன். "சூடு" என்றாள்.

அந்தப் பதில் என்னை ரொம்ப நாள் உறுத்தியது. அதற்குப் பிறகு தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் என்று அதே கோயில்களுக்குப் பலமுறை பிள்ளைகளோடு போயிருக்கிறோம். முதல் பயணத்தில் நாங்கள் செய்த தவறுகளையே மற்ற குடும்பங்களும் செய்வதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உச்சிவெயிலில் போய் இறங்குவது

தவறு கோயிலில் தொடங்குவதில்லை. வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. சென்னையில் விடிகாலை ஐந்து மணிக்கு வண்டி எடுத்தால், வழியில் சாப்பிட்டு, இரண்டு தடவை நிறுத்தி, தஞ்சாவூர் போய்ச் சேர எப்படியும் உச்சிப்பொழுது ஆகிவிடும். கருங்கல் தரை நன்றாகக் காய்ந்து கிடக்கும். பெரும்பாலான கோயில்களில் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க மாலை நாலு மணி ஆகும். இடையில் பிள்ளைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் காரிலேயே ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

முந்தின நாள் சாயங்காலமே போய்த் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ தங்கிவிடுங்கள். காலை ஆறரைக்குக் கோயிலில் இருந்தால் கல் குளிர்ந்திருக்கும், கூட்டமும் இருக்காது. ஒன்பதரைக்கு வெளியே வந்து டிபன் சாப்பிடலாம். மாலையில் போவதானால் நாலு மணிக்குக் கதவு திறந்ததும் ஓடாதீர்கள், கல் சூடு இறங்க நேரம் எடுக்கும். பிராகாரத்தில் வெள்ளைப் பெயிண்ட் அடித்த நடைபாதையும் தேங்காய்நார் விரிப்பும் பல கோயில்களில் உண்டு. ஆனால் பிள்ளைகள் அதன்மேலேயே நடக்க மாட்டார்கள். தடிமனான பருத்தி சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். உள்ளே வழவழப்பான கல் வந்ததும் கழற்றிவிடுங்கள், வழுக்கும்.

"வந்ததே வந்தோம், அதையும் பார்த்துடலாம்"

நேரத்துக்கு அடுத்த தவறு எண்ணிக்கை. கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. நேர்ந்துகொண்ட பெரியவர்களுக்கு அது சரி. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது ஒன்பது தடவை செருப்பைக் கழற்றி மாட்டியதாகவே மனதில் நிற்கும்.

சோழர் கோயில்கள் மூன்றுக்கும் இதே கதிதான். பெரிய கோயிலை 1987-லும், கங்கைகொண்ட சோழபுரத்தையும் தாராசுரத்தையும் 2004-லும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர், அங்கிருந்து தாராசுரம் கூப்பிடு தூரம், கங்கைகொண்ட சோழபுரம் இன்னொரு 35 கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம் போலத் தோன்றும். பெரியவர்களால் முடியும். பிள்ளைகளோடு என்றால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, நடுவில் கட்டாயம் ஒரு தூக்கம். மூன்றாவதை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"மேலே பார், மேலே பார்"

எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று நான் நினைப்பது இதுதான். பெரிய கோயிலுக்குள் நுழைந்ததும் நாம் அண்ணாந்து பார்க்கிறோம். பிள்ளையின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, "பார், 216 அடி! ஆயிரம் வருஷம்!" என்கிறோம். 216 அடி என்பது ஆறு வயதுக்கு எவ்வளவு? ஆயிரம் வருஷம் என்றால் தாத்தாவுக்கும் முன்னால், அவ்வளவுதான். ஒரு நிமிஷம் பார்க்கும், கழுத்து வலிக்கும், பிறகு "போலாமா" என்று சிணுங்கத் தொடங்கும்.

ஒரு தடவை குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, பிள்ளையின் கண் இருக்கும் உயரத்திலிருந்து அந்தக் கோயிலைப் பாருங்கள். விமானம், அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரம், மறைந்துவிடும். கண்ணுக்கு நேரே வருவது அதிட்டானம், அதாவது அடித்தளம். அதில் வரிவரியாக ஓடுவதெல்லாம் எழுத்து. நாம் பேசுகிற தமிழ்தான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய எழுத்து என்பதால் முழுதாகப் படிக்க வராது, புள்ளியும் பெரும்பாலும் இருக்காது. ஆனால் ப, ட, ம போன்ற சில எழுத்துகளைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். மூத்தவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது "ப எத்தனை இருக்கு, எண்ணு" என்று சொல்லிப் பார்த்தேன். அரைமணி நேரம் அந்தச் சுவரை விட்டு நகரவில்லை.

அந்த எழுத்துகள் என்ன சொல்கின்றன என்பதும் பிள்ளைகளுக்குப் புரிகிற விஷயம்தான். "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் சொன்னது அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. தான் கொடுத்ததைச் சொன்னதும் அடுத்து அக்காவைச் சொல்கிறான், மனைவியர் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள். அந்த அக்கா குந்தவை. இதைச் சொன்னபோது மூத்தவள் தம்பியைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அன்றிலிருந்து ராஜராஜன் அவளுக்கு யாரோ ஒரு ராஜா இல்லை, அக்கா பேரைக் கல்லில் வெட்டி வைத்த தம்பி.

இன்னும் இருக்கிறது. கோயிலில் ஆடுவதற்குப் பல ஊர்களிலிருந்து அழைத்துவரப்பட்ட 400 பெண்களின் பெயர்கள், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர்கள், எந்தத் தெருச் சிறகில் (தெருவின் ஒரு பக்க வரிசையில்) எத்தனையாம் வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று எல்லாம் எழுதியிருக்கிறது. கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயரும் உண்டு, முடிதிருத்துகிறவர் பெயரும் உண்டு. "நம்ம வீட்டுக்கு டோர் நம்பர் இருக்கிற மாதிரி அவங்களுக்கும் இருந்துச்சு" என்றால் பிள்ளைக்கு உடனே பிடிபடுகிறது. பெரிய கோயிலைப் பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தாராசுரமோ பிள்ளைகளின் உயரத்துக்கென்றே செய்ததுபோல இருக்கும். இரண்டாம் ராஜராஜன் எழுப்பிய, பெரிய கோயிலைவிட மிகச் சிறிய கோயில். ஆனால் அடித்தளம் முழுக்க விரல் நீளச் சிற்பங்கள். அறுபத்துமூன்று நாயன்மார் கதைகளும் கையகலக் கட்டங்களில் வரிசையாக வருகின்றன. முதல் நாள் ராத்திரி கண்ணப்பர் கதையைச் சொல்லிவிட்டு, மறுநாள் "இதுல கண்ணப்பர் எங்கே, தேடு" என்று விடுங்கள். மண்டபத்தை இழுத்துக்கொண்டு ஓடும் கல் குதிரையையும் தேர்ச் சக்கரத்தையும் நீங்கள் காட்டவே வேண்டாம், அவர்களே ஓடிப்போய் நிற்பார்கள்.

அங்கே ஒரு சிற்பத்தை மட்டும் தவறவிடாதீர்கள். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் ரிஷப குஞ்சரம். ஒரு பக்கத்து உடலை மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. சின்னவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, "காளை... யானை... காளை..." என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கையைக் கல்லின் மேல் வைக்கக்கூடாது, கண்ணுக்கு முன்னால்தான் பிடிக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லி வைத்திருந்தேன்.

தொடுவதும் ஏற்றி உட்கார வைப்பதும்

கல்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைக்கிறோம். தாராசுரத்தில் பலிபீடத்துக்கு ஏறும் இசைப்படிகளைத் தட்டினால் ஒவ்வொன்றிலும் ஒரு சுரம் வரும் என்பார்கள். வந்தவர்களெல்லாம் தட்டிப் பார்த்தால் படி என்ன ஆகும்? இன்று அதைச் சுற்றி இரும்புக் கம்பி போட்டு அடைத்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அந்தச் சுரம் கிடையாது.

யானைச் சிற்பத்தின் மேல் பிள்ளையை உட்கார வைத்துப் போட்டோ எடுக்கும் அப்பாக்களை எல்லாக் கோயிலிலும் பார்க்கலாம். அர்ச்சகர் கொடுத்த விபூதி, குங்குமத்தில் மிச்சத்தைத் தூணில் கொட்டிவிட்டுப் போகும் அம்மாக்களும் அப்படித்தான். பிள்ளை நம்மைப் பார்த்துத்தான் செய்யும். மடித்த காகிதம் ஒன்றை அதன் கையிலேயே கொடுத்து, மிச்சத்தை அதில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதை ஒரு பெரிய வேலையாக எடுத்துக்கொண்டு செய்யும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டமே இருக்கிறது.

நிழல் விழாது என்று சொல்லித் தருவது

பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது எண்பது டன் ஒரே கல், நந்தி வளர்ந்துகொண்டே இருந்தது என்றெல்லாம் நாம் கேட்டு வளர்ந்தோம். பிள்ளைகளுக்கும் அதையே சொல்கிறோம். நிழல் நன்றாக விழும். காலை எட்டு மணிக்கு விமானத்துக்குப் பின்புறம், மேற்குப் பக்கம் போய்ப் பாருங்கள். அந்த நிழலில் நின்றுகொண்டே பிள்ளையிடம், "நிழல் விழாதுன்னு சொல்றாங்களே, நீ என்ன சொல்றே?" என்று கேளுங்கள். உச்சியில் இருப்பது ஒரே கல் இல்லை, பல கற்களை இணைத்தது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். இன்று நாம் பார்க்கும் பெரிய நந்தியோ ராஜராஜன் வைத்ததல்ல, நாயக்கர் காலத்தது. இன்றைய இயந்திரம் எதுவும் இல்லாமல் இவ்வளவு கல்லைத் தூக்கி அடுக்கினார்களே என்ற உண்மையே பிள்ளையை வாய்பிளக்க வைக்கும்.

தொலைந்துபோனால் போன் இருக்கிறதே என்று நம்புவது

இது மதுரைக்குப் போகிறவர்களுக்கு முக்கியம். 2018 பிப்ரவரியில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. கோயில்களில் செல்போனைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. கணவர் ஒரு வரிசையில், நீங்கள் ஒரு வரிசையில், பிள்ளை நடுவில் என்றால் தேடுவதற்கு வழியே இல்லை. நாலு பக்கக் கோபுரமும் பிள்ளை கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். நுழைந்ததும் கொடிமரத்தைக் காட்டி, "காணோம்னா இங்கே வந்து நில்லு" என்று சொல்லிவிடுங்கள். சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும். பிரதோஷத்தன்று பெரிய கோயிலில் நந்தி அபிஷேகத்துக்குக் கூட்டம் நெரியும், கைக்குழந்தை இருந்தால் அந்த நாளைத் தவிருங்கள்.

பாசி படிந்த குளத்துப் படியில் ஒரு கையாவது பிள்ளையின் மேல் இருக்க வேண்டும். கோயில் யானையிடம் ஆசி வாங்கப் பயந்து அழும் பிள்ளையை முன்னால் தள்ளாதீர்கள். 2024 நவம்பரில் திருச்செந்தூரில் கோயில் யானை பாகனையும் அவர் உறவினரையும் தாக்கிக் கொன்றது. பழகியவர்களுக்கே அந்தக் கதி. பிள்ளை எட்ட நின்று கும்பிடட்டும்.

பட்டுப்பாவாடை, ஜரிகை வேட்டியெல்லாம் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளலாம், இங்கே மெல்லிய பருத்தி போதும். தண்ணீர் பாட்டில், பொடி தடவிய இட்லி, கோயிலுக்குள் போகும் முன் ஒரு முறை பாத்ரூம்.

முடிந்தால் கங்கைகொண்ட சோழபுரத்தைக் கடைசியாக வையுங்கள். ஊர் சின்னது, கூட்டம் குறைவு, புல்வெளியில் ஓட இடம் உண்டு. வடக்கு வாசல் படியருகே சிவபக்தரான சண்டேசரின் சிற்பம் இருக்கிறது. சிவன் பார்வதியோடு அமர்ந்து, காலடியில் கைகூப்பி உட்கார்ந்திருக்கும் சண்டேசரின் தலையில் தன் கையாலேயே பூமாலையைச் சுற்றுகிறார். அந்தச் சண்டேசர் உருவம் இந்தக் கோயிலைக் கட்டிய ராஜேந்திர சோழனே என்று சொல்பவர்களும் உண்டு. போன தடவை அதைப் பற்றிச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவன் சொன்னான்: "அம்மா, நீ அக்காவுக்குப் பூ வெச்சு விடுவியே, சாமி அப்படியே வெச்சு விடுறாரு. அந்தப் பையன் ஆடாம உக்காந்திருக்கான் பாரு."