செம்மண்ணில் பழகிய டிடெக்டர் கடற்கரையில் ஏன் கத்துகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டாரவளையில் பஸ் ஏறி, எல்ல, வெல்லவாய, மொனராகலை என்று மலையிறங்கி இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம் குடாவுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் விடியலில், மண்ணுக்குள் உலோகம் இருந்தால் ஓசை எழுப்பும் என் மெட்டல் டிடெக்டரை முதன்முதலாக ஈர மணலில் இறக்கினேன். ஆடிக் காற்றில் ஆணி கழன்ற லயத்துக் கூரைத் தகரம் போல அது ஓயாமல் கத்தியது. "மாமா, இதில் ஏதோ பழுது" என்றான் கூட வந்த அக்கா மகன். பழுது மெஷினில் இல்லை. வீட்டுத் தோட்டத்துச் செம்மண்ணில் ஒரு வாரம் உட்கார்ந்து சரிசெய்த எண்களை அப்படியே கடலுக்குக் கொண்டுபோன நான்தான் பிழைகாரன். மலைநாட்டிலிருந்து இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் இடறும் கல் இதுதான்.

காரணம் எளிது. டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டத் தட்டு, அதாவது காயில், மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது உலோகத்தில் சிறு மின்னோட்டங்களை எழுப்ப, அவை திருப்பி அனுப்பும் பதிலை இன்னொரு சுருள் கேட்கிறது. ஆனால் பதில் சொல்வது உலோகம் மட்டுமன்று, மண்ணும் சொல்லும். எங்கள் செம்மண்ணில் இரும்பு ஒட்சைட்டு இருக்கிறது, அது காந்தத்துக்கு இசைகிறது. கடற்கரை ஈர மணலில் உப்பு நீர் இருக்கிறது, அது மின்னைக் கடத்துகிறது. இரண்டும் வெவ்வேறு பாஷை. ஒற்றை மீடிறனில் (அதிர்வெண்ணில்) இயங்கும் சாதாரண மெஷினை ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் பழக்க முடியும்.

மெனுவில் ‘கிரவுண்ட் பேலன்ஸ்’ என்று இருப்பது மெஷினை மண்ணுக்குப் பழக்கும் இந்த வேலைதான். உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, காயிலைத் தரைக்கு ஓர் அங்குலம் மேலிருந்து ஒரு சாண் உயரம் வரை மெதுவாக ஏற்றி இறக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் ஓசை ஒரே சீராக வந்தால் மண் சமனாகிவிட்டது. இதில் நான் செய்த தவறைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதல் தடவை சமன்செய்த இடத்தில், பழைய கூரையிலிருந்து உதிர்ந்த ஆணி ஒன்று வாஷருடன் புதைந்து கிடந்திருக்கிறது. அந்த ஆணியை மண் என்று நம்பிக்கொண்டு மெஷின் மூன்று நாள் வேலை செய்தது. எனவே சமன்செய்யும் முன் அந்த இடத்தை நான்கு பக்கமும் ஒருமுறை வீசிப் பாருங்கள். கடற்கரையில் உலர்ந்த மணலிலிருந்து ஈர மணலுக்குள் இறங்கும்போதும், கறுப்பு மணல் கீற்றைக் கண்டாலும் மறுபடி செய்ய வேண்டும். இல்மனைட் என்ற, இரும்பு கலந்த கறுப்புக் கனிமம் எடுக்கும் புல்மோட்டை நம் கிழக்குக் கரையில்தான் இருக்கிறது. அலை அடித்து ஒதுக்கிய கறுப்புக் கோடு கண்ணுக்கு அழகு, காயிலுக்குத் தலைவலி. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி மணலில் இழுத்துப் பார்த்தால், எவ்வளவு ஒட்டுகிறது என்பதிலிருந்தே அந்த இடத்தின் குணம் ஓரளவு தெரிந்துவிடும்.

ஊரிலும் ஒரு பொறி உண்டு. உரம் போட்ட தேயிலை மலையில் ஒரு மழை பெய்த கையோடு மெஷினை எடுத்துப் போகாதீர்கள். உரமும் உப்புத்தான், கரைந்ததும் மண் மின்னைக் கடத்தத் தொடங்கிவிடும்.

அடுத்தது சென்சிட்டிவிட்டி, அதாவது எவ்வளவு மெல்லிய பதிலுக்கும் மெஷின் காது கொடுக்க வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்கும் எண். காசு கொடுத்து வாங்கியாயிற்று, முழுவதும் ஏற்றிவிடுவோம் என்றுதான் கை போகும். திருவிழா ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்தால் பாட்டைவிட இரைச்சல்தானே அதிகம் கேட்கும்? அதுதான் இங்கும் நடக்கிறது. அன்று காலை 20க்கு 19இல் இருந்த எண்ணை ஒவ்வொன்றாகக் குறைத்தேன். 13இல் மெஷின் அடங்கியது. அதன் பிறகே அரைச் சாண் ஆழத்திலிருந்து மெல்லிய, ஆனால் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வரும் ஓசை கேட்டது. இரைச்சல் குறைந்தால் ஆழம் கூடும் என்பதை எவ்வளவு வாசித்தாலும் மனம் ஏற்காது, காது ஏற்கும். காது என்றதும் ஞாபகம் வருகிறது: ஹெட்போன் இல்லாமல் கடற்கரைக்குப் போவது வீண் வேலை. அலைச் சத்தமும் காற்றும் மெல்லிய ஓசையை விழுங்கிவிடும்.

மெஷினில் கடற்கரைக்கென்றே ‘பீச் மோட்’ இருந்தால் அதைப் போடுங்கள். ஒரே நேரத்தில் பல மீடிறன்களை அனுப்பும் மெஷின்கள் உப்பின் பதிலைக் கழித்துவிடுவதில் கெட்டிக்காரத்தனமானவை. காந்தப்புலத்தை விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்பும் பல்ஸ் வகை மெஷின்கள் உப்பையும் கறுப்பு மணலையும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை, ஆழமும் போகும். ஆனால் இரும்பையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்ல அவற்றுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒவ்வொரு ஆணிக்கும் குனிந்து எழும்ப முதுகு இடம் கொடுக்குமா என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

நான் மிகவும் வாதாடுவது டிஸ்கிரிமினேஷன் பற்றி. மெஷின் ஒவ்வொரு உலோகத்தையும் ஓர் எண்ணாகக் காட்டும்; இது வேண்டாத உலோகத்தின் எண்ணை ஊமையாக்கும் வசதி. சோடா மூடி, பான டின்னைத் திறக்கும் வளையம், சிகரெட் பெட்டித் தாள் எல்லாம் தொல்லை என்று அந்த எண்களை ஒரேயடியாக அடைத்துவிடுவார்கள். டின் வளையமும் மெல்லிய தங்க மோதிரமும் ஏறக்குறைய ஒரே எண்ணில் பேசுகின்றன என்பதுதான் சங்கடம். குப்பையை அடைத்தால் மோதிரத்தையும் அடைத்தீர்கள். கடற்கரையில் இரும்பை மட்டும் அடைத்துவிட்டு மற்றவற்றைத் தோண்டுவதே என் வழக்கம். நம் நாணயங்களிலும் குழப்பம் உண்டு: 1963க்குப் பிந்திய ஒரு சதமும் இரண்டு சதமும் அலுமினியம், அண்மைக்காலத்து ரூபாய்கள் எஃகு. இரும்பை அடைத்தால் இந்த எஃகுக் காசுகளில் பல காதில் விழாது. அது எனக்குப் பெரிய நட்டமாகப் படவில்லை.

நகையில் இன்னொரு நுணுக்கம். "கடலில் குளிக்கும்போது சங்கிலி போய்விட்டது, தேடித் தாருங்கள்" என்று யாராவது கேட்டால் உடனே நம்பிக்கை கொடுத்துவிடாதீர்கள். மெஷினுக்குச் சங்கிலி ஒரே பொருள் அன்று, நூற்றுக்கணக்கான பொடி வளையங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஓசை எழுப்பும் அளவு இல்லை. கொக்கியோ பதக்கமோதான் காட்டிக்கொடுக்கும். அறுகம் குடாவில் எனக்குக் கிடைத்த அந்த மெல்லிய ஓசையும் அப்படித்தான்: கறுத்துப்போன ஒரு வெள்ளித் திருகு, அதன் பின்னால் மணலில் சத்தமே இல்லாமல் கிடந்த அரைக் கொலுசு. தாலிக்கொடியில் தாலியும் திருகும் இருப்பதால் அது பரவாயில்லை.

வீச்சைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கவ்வாத்துக் கத்தி வீசுவது போல இரு முனையிலும் காயிலைத் தூக்காதீர்கள். தூக்கிய அளவு ஆழம் போய்விடும். ஒவ்வொரு வீச்சும் முந்தியதன் பாதிக்கு மேல் விழ வேண்டும், ஏனென்றால் காயிலின் பார்வை கீழே போகப் போகக் குறுகுகிறது.

வெளிநாட்டு வீடியோக்களில் வற்று நேரம் பார்த்துப் போகச் சொல்வார்கள். அங்கே கடல் வெகுதூரம் பின்வாங்கும். இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை. நாம் பார்க்க வேண்டியது பருவக் காற்றை. வடகீழ்ப் பருவத்தில் கிழக்குக் கரையையும், தென்மேற்கில் மேற்குக் கரையையும் அலை அரித்து மேல்மணலை வாரிக்கொண்டு போகும். அந்தக் கொந்தளிப்பு அடங்கிய கையோடு போனால், கனமான பொருட்கள் தங்கும் கெட்டி அடுக்கு கைக்கெட்டும்.

கிழக்கிலும் வடக்கிலும் யுத்தம் நடந்த மண் என்பதை மறக்க வேண்டாம். உருளையாகவோ, வால் சிறகுடனோ, அடையாளம் தெரியாத பெரிய இரும்பாகவோ எது தென்பட்டாலும் தொடாமல், இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு பொலிஸாருக்குச் சொல்லிவிடுங்கள். 2004 மார்கழியில் அலை இழுத்துப்போன வீட்டுச் சாமான்களும் அதே மணலில்தான் இருக்கின்றன. ஊர்க்காரர் வந்து "என்ன தேடுகிறீர்கள்?" என்று கேட்டால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேசுங்கள்.

சட்டத்திலும் கவனம் வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, உத்தரவுப் பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது சொந்தக் காணியிலும் குற்றம். மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றும்போது, அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயிலும் விகாரையும் வெளியே தெரியும். பார்த்துவிட்டு வாருங்கள், மெஷினை வீட்டில் வைத்துவிட்டு. புதையல் தோண்டியதாகப் பிடிபட்டவர்களைப் பற்றிய செய்திகளில் ‘ஸ்கேனர்’ என்ற சொல் அடிக்கடி வருவதால், இதைத் தோளில் மாட்டிக்கொண்டு இரவில் பாறையோரம் நடப்பவனை எவரும் பொழுதுபோக்குக்காரன் என்று நினைக்க மாட்டார்கள். மெஷினைத் தருவிப்பதற்கு முன் சுங்கத்திலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பிய அன்று மாலை, தோட்டத்தில் மண் சமனை மறுபடி செய்து, எண்களைப் பழையபடி வைத்துவிட்டு வீசினேன். ஒவ்வொரு வீச்சின் முனையிலும் ஒரு பொய் ஓசை. "நான் சொன்னேனே, பழுது" என்றான் மருமகன். காயிலின் அடி மூடியைக் கழற்றினோம். உள்ளே அரைக் கைப்பிடி கறுப்பு மணல், இன்னும் ஈரம் காயாமல். நல்ல தண்ணீரில் கழுவாமல் பஸ் ஏறியிருக்கிறேன்.