ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2: தனியாக, நிதானமாக விளையாடுவது எப்படி

இந்த கேமை நான் இரவு பதினொன்றுக்கு மேல்தான் திறப்பேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம். கதையை முடிக்க ஏழு மாதம் ஆனது. என் தம்பி அதே கதையை விடுமுறையில் இரண்டு வாரத்தில் முடித்துவிட்டான். "நீ இன்னும் மூணாவது சாப்டர்லயா இருக்க அக்கா?" என்று கேட்பான். அவன் விளையாடும்போது ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மேப்பில் மிஷன் குறி தெரிந்த உடனே அதை நோக்கிக் குதிரையை விரட்டினான். வழியில் ஒருவர் கையைத் தூக்கி உதவி கேட்டார், நிற்கவில்லை. ஆற்றைக் கடக்கும்போது சூரியன் உதித்தது, அதையும் பார்க்கவில்லை. கடைசியில் "நல்ல கேம்தான், ஆனா ரொம்ப மெதுவா போகுது" என்றான்.

மெதுவாகத்தான் போகும். அந்த வேகத்துக்கு நாமும் இறங்கி வர வேண்டும். தனியாக விளையாடுபவருக்கு இதில் ஒரு வசதி உண்டு: காத்திருக்க வைக்கிறோமே என்று யாரை நினைத்தும் சங்கடப்பட வேண்டியதில்லை. முதல் முறை விளையாடப் போகிறவருக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து என்னவெல்லாம் சொல்வேனோ, அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கதையின் திருப்பங்கள் எதையும் சொல்லப் போவதில்லை.

தொடங்கும் முன்

ராக்ஸ்டார் இந்த கேமை 2018 அக்டோபரில் ப்ளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டுக்கும் வெளியிட்டது. கம்ப்யூட்டருக்கு 2019 நவம்பரில் வந்தது. கம்ப்யூட்டரில் விளையாடுவதாக இருந்தால் 150 ஜிபி இடம் ஒதுக்கி வையுங்கள். கதை நடப்பது 1899இல், அமெரிக்காவைப் பார்த்துக் கற்பனையாக உருவாக்கிய ஐந்து மாநிலங்களில். நாம் ஆர்தர் மார்கன். டச் வான் டெர் லிண்ட் என்பவரின் கொள்ளைக் கும்பலில் ஒருவன். பிளாக்வாட்டர் என்ற ஊரில் ஒரு கொள்ளை சொதப்பி, மொத்தக் கும்பலும் பனிமலைக்குள் ஓடிவந்து ஒளிந்திருக்கும் இடத்தில் கதை தொடங்குகிறது.

சப்டைட்டிலை முதலிலேயே போட்டுவிடுங்கள். இந்த கேமில் முக்கியமான பேச்செல்லாம் குதிரையில் போகும்போதுதான் நடக்கும். காற்றும் குளம்புச் சத்தமும் சேரும்போது பாதி வார்த்தை காதில் விழாது.

முதல் சாப்டர் முழுக்கப் பனி. சொன்ன இடத்துக்குத்தான் போக முடியும், சொன்னதைத்தான் செய்ய முடியும். நிறைய பேர் இங்கேதான் சலித்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மூன்று மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். மலையிலிருந்து வண்டிகள் இறங்கி, பச்சைப் புல்வெளி தெரியும் இரண்டாம் சாப்டரில்தான் உலகம் திறக்கும்.

துப்பாக்கியை உறையில் போடுங்கள்

எல்லோரும் முதலில் செய்யும் தப்பு இது. வேலன்டைன் ஊருக்குள் முதல் முறை போயிருந்தேன். சேறும் சகதியுமான தெரு. எதிரே வந்த ஒருவருக்கு வணக்கம் சொல்ல நினைத்தேன். ப்ளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் எல்2வை அழுத்தினால் எதிரே இருப்பவரை ஆர்தர் பார்ப்பான், சதுர பட்டனில் வணக்கம் சொல்வான். ஆனால் கையில் ஏற்கெனவே துப்பாக்கி இருந்தால், அதே எல்2 அவரைக் குறிபார்த்துவிடும். எனக்கு அதுதான் நடந்தது. அவர் கத்திக்கொண்டு ஓட, பின்னாலேயே ஷெரிஃப் வர, ஊரை விட்டே தப்பிக்க வேண்டியதாயிற்று.

அதனால் ஊருக்குள் நுழையும்போதே எல்1ஐ ஒருமுறை தட்டி ஆயுதத்தை உறையில் போடும் பழக்கம் வேண்டும். குதிரையில் ஏறும் முக்கோண பட்டனும் இப்படித்தான். பக்கத்தில் ஆள் நின்றால், குதிரையில் ஏறுவதற்குப் பதில் அவர்மேல் பாய்ந்துவிடுவான் ஆர்தர். ஆள் இல்லாத பக்கமாகச் சுற்றிப்போய் ஏறுங்கள்.

இன்னொன்று. பெரிய துப்பாக்கிகளும் வில்லும் குதிரையிலேயே இருக்கும். இறங்கும் முன் ஆயுதங்களைத் தேர்ந்தெடுக்கும் சக்கரத்தைத் திறந்து வேண்டியதைத் தோளுக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால், கரடிக்கு எதிரில் கைத்துப்பாக்கியோடு நிற்க நேரும்.

மேப்பை அணைத்துப் பாருங்கள்

கன்ட்ரோலரின் கீழ்நோக்கிய திசை பட்டனை அழுத்திப் பிடித்தால், மூலையில் இருக்கும் சிறிய மேப்பைத் திசைகாட்டியாக மாற்றலாம், முழுவதுமாக அணைக்கவும் செய்யலாம். நான் இரண்டாம் சாப்டரின் நடுவில் அணைத்தேன். முதல் இரண்டு நாள் வழி தவறிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து என் கண் மூலையை விட்டுச் சாலைக்கு வந்தது. கைகாட்டிப் பலகைகளைப் படித்தேன். ரயில் தண்டவாளத்தைப் பிடித்துப் போனால் ஊர் வரும் என்று புரிந்தது. தூரத்தில் புகை தெரிந்தால் அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தேன். துப்பாக்கிச் சண்டை வரும் மிஷன்களில் மட்டும் மேப்பைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், அதில் தப்பில்லை.

வழியில் உதவி கேட்பவர்களுக்காக நில்லுங்கள். பாம்பு கடித்துக் கிடந்த ஒருவருக்கு என்னிடம் இருந்த மருந்தைக் கொடுத்துவிட்டு மறந்தே போனேன். பல நாள் கழித்து ஒரு துப்பாக்கிக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார். அதே ஆள். உள்ளே போய்ப் பிடித்த துப்பாக்கியை எடுத்துக்கொள், காசு நான் கொடுக்கிறேன் என்றார். எல்லோரும் நல்லவர்கள் இல்லை, சிலர் ஏமாற்றுவார்கள். அப்படியும் நிற்கலாம் என்பேன்.

குதிரை

இந்த கேமில் உங்களோடு கடைசிவரை தனியாக வரும் துணை குதிரைதான். அதை வண்டி மாதிரி நினைத்தால் சீக்கிரம் இழந்துவிடுவீர்கள்.

என் முதல் குதிரையை அப்படித்தான் இழந்தேன். இரவு, காட்டுக்குள், மரங்களுக்கு நடுவே நாலுகால் பாய்ச்சலில் விரட்டினேன். ஒரு பாறை தெரியவில்லை. விழுந்த பிறகு நான் எழுந்துவிட்டேன், அது எழவில்லை. அதை எழுப்பும் மருந்து ஒன்று லாயத்தில் விற்கிறது. என்னிடம் அது இல்லை. சேணத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் நடந்தே வேலன்டைனுக்கு வந்தேன். அன்றிலிருந்து அந்த மருந்து எப்போதும் இரண்டு புட்டி பையில் இருக்கும். காட்டுக்குள் குதிரையை நடத்தியே போவேன்.

குதிரைக்கும் ஆர்தருக்கும் இடையிலான நெருக்கம் நான்கு படிகளாக வளரும். தீனி கொடுப்பது, உடம்பைத் தேய்த்து விடுவது, கழுத்தில் தட்டிக்கொடுப்பது, ஏறிப் போவது எல்லாமே அதைக் கூட்டும். படி ஏற ஏற, தூரத்திலிருந்து விசில் அடித்தாலும் வரும், ஓநாயைக் கண்டு மிரண்டு தள்ளிவிடுவதும் குறையும். சேறு படிந்தால் தேய்த்து விடுங்கள், அழுக்கான குதிரை சீக்கிரம் களைத்துப்போகும்.

நல்ல குதிரை வேண்டுமா? இரண்டாம் சாப்டரிலேயே கிடைக்கும். வடமேற்கே அம்பரினோ மலையில் லேக் இசபெல்லா என்ற பனி ஏரி இருக்கிறது. அதன் மேற்குக் கரையில் ஒரு வெள்ளை அரேபியக் குதிரை தனியாகத் திரியும். போகும் முன் தடித்த கோட்டு போட்டுக்கொள்ளுங்கள், குளிரில் உடம்பின் தெம்பு கரைந்துகொண்டே இருக்கும். உங்கள் குதிரையைத் தள்ளியே நிறுத்திவிட்டு இறங்கி நடங்கள். வெள்ளைப் பனியில் வெள்ளைக் குதிரை, கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. தெரிந்ததும் எல்2வைப் பிடித்தபடி மெதுவாக நெருங்குங்கள். அது தலையைத் தூக்கி மிரளும்போது நின்றுவிட வேண்டும், அமைதிப்படுத்தும் பட்டனை அழுத்த வேண்டும். தலையைத் தாழ்த்தியதும் இன்னும் நாலடி. இப்படியே பக்கத்தில் போய் ஏறிவிட்டால் துள்ளும். அது சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கன்ட்ரோலரின் குச்சியைத் தள்ளிக்கொண்டே இருங்கள். நான் மூன்று முறை தவறவிட்டு நாலாவது முறைதான் பிடித்தேன். பிடித்ததும் பழைய குதிரையின் சேணத்தைக் கழற்றி இதற்குப் போட்டால் இது உங்களுடையது.

வேட்டை

ஆடுவதற்கு எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கதையை விடவும்.

ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒன்று முதல் மூன்று நட்சத்திரம் வரை தரம் உண்டு. பைனாகுலரில் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்று நட்சத்திர மிருகத்தைச் சரியான ஆயுதத்தால் ஒரே அடியில் வீழ்த்தினால்தான் குறையில்லாத தோல் கிடைக்கும். அணில், சிறு பறவை என்றால் சிறு வேட்டைக்கான அம்பு. முயல், ரக்கூன் மாதிரி கொஞ்சம் பெரியவற்றுக்கு வார்மின்ட் ரைஃபிள் என்ற சிறு துப்பாக்கி. மானுக்கு வில் அல்லது ரைஃபிள்.

ஒரு மானை எப்படி அடிப்பேன் என்று சொல்கிறேன். ஹார்ட்லேண்ட்ஸ் சமவெளியில் விடிகாலை போவேன். முதலில் காற்று. காற்று நம் முதுகுப் பக்கமிருந்து அடித்தால் நம் வாடை மானுக்குப் போய்விடும். அப்போது சுற்றிப்போய் எதிர்க்காற்றில் நிற்க வேண்டும். குனிந்தே புல்லுக்குள் நகர்வேன். மேய்ந்துகொண்டிருக்கும் மானுக்குத் தலை கீழே இருக்கும். எல்2வில் பார்த்தபடி ஒரு சின்னக் குரல் கொடுத்தால் தலையைத் தூக்கி அசையாமல் நிற்கும். அந்த ஒரு நொடிதான். அம்பு தலையிலோ கழுத்திலோ பட வேண்டும்.

பெரிய உடல் ஒன்றைத்தான் குதிரையின் பின்பக்கம் ஏற்ற முடியும். உடல் சில நாளில் கெட்டுவிடும், உரித்த தோல் கெடாது. ஆகவே தோலைக் குதிரையின் முதுகில் போட்டு இறைச்சியை நம் கும்பலின் கேம்ப்பில் இருக்கும் பியர்சனிடம் கொடுங்கள். சமையல்காரர் அவர்தான். கேம்ப்புக்கு வேண்டியதைக் காசு கொடுத்து வாங்கும் கணக்குப் புத்தகத்தில் அவருக்குத் தோல் வேலைக் கருவிகள் வாங்கிக் கொடுத்தால், பெரிய பைகள் தைத்துத் தருவார்.

ஒரு வேண்டுகோள். தெற்கே லெமாய்ன் சதுப்பு நிலத்தில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு கிளி பறக்கும். கரோலினா கிளி. உண்மையில் அந்த இனத்தின் கடைசிக் கிளி 1918இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிச் சாலையில் இறந்தது. கேமிலும் எண்ணிக்கை குறைவுதான், எல்லாவற்றையும் சுட்டுவிட்டால் திரும்ப வராது. பைனாகுலரில் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள்.

பணம், சட்டம்

ஆரம்பத்தில் காசுக்குத் தட்டுப்பாடு வரும். அப்போது ஜாக் ஹால் கும்பலின் புதையல் மேப்பைத் தேடுங்கள். மூன்று மேப், ஒன்று இன்னொன்றுக்கு இட்டுச் செல்லும். வெறும் கோட்டுச் சித்திரம்தான். படத்தில் இருக்கும் பாறையின் வடிவத்தை மனதில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி அதைக் கண்டுபிடிக்க வேண்டும். விடையை வேறு எங்கும் தேடாதீர்கள், அந்த மூன்று இரவுகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. முடிவில் இரண்டு தங்கக் கட்டி. திருட்டுப் பொருள் வாங்குபவரிடம் ஒன்று 500 டாலருக்குப் போகும். எமரால்டு ராஞ்ச்சில் ஒருவர் இருக்கிறார்.

குற்றம் செய்தால் அந்த மாநிலத்தில் தலைக்கு விலை ஏறும். தபால் நிலையத்தில் கட்டிவிடலாம். பிளாக்வாட்டர் பக்கம் மட்டும் போக வேண்டாம், பார்த்ததும் சுடுவார்கள். தென்மேற்கே இருக்கும் நியூ ஆஸ்டினும் கதையின் கடைசிப் பகுதியில்தான் திறக்கும்.

கேம்ப்புக்குத் திரும்புங்கள்

தனியாக விளையாடும்போது இதைத்தான் மறந்துவிடுகிறோம். நாலைந்து நாள் காட்டிலேயே சுற்றிவிட்டு ஒரு ராத்திரி கேம்ப்புக்குப் போங்கள். தீயைச் சுற்றி உட்கார்ந்து பாடிக்கொண்டிருப்பார்கள், நீங்களும் போய் உட்காரலாம். ஒருவர் பழைய கதை சொல்வார், இன்னொருவர் டச்சைக் குறை சொல்வார். இவர்கள் யார் என்று தெரிந்துகொண்டவருக்குத்தான் பின்னால் நடப்பவை வலிக்கும். சிறுவன் ஜாக்கை மீன் பிடிக்க அழைத்துப்போகும் மிஷன் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். அதற்கப்புறம் தூண்டில் உங்களிடமே இருக்கும். மீன் இழுக்கும்போது விட்டுப்பிடித்து, அது ஓயும்போது மட்டும் சுற்றினால் நரம்பு அறாது.

கணக்குப் புத்தகத்தில் டச்சின் கூடாரத்தையும் பிறகு உங்கள் இடத்தையும் மேம்படுத்தினால், கேம்ப்பிலிருந்து நொடியில் வேறு ஊருக்குப் போகும் வசதி கிடைக்கும். நான் வாங்கினேன், இரண்டு முறைதான் பயன்படுத்தினேன்.

இரண்டாம், மூன்றாம் சாப்டரில்தான் நிறையச் சுற்ற வேண்டும். கதை முன்னே போகப்போகச் சில சிறு கதைகள் மூடிக்கொள்ளும். பெரிய மிஷனுக்கு முன்னால் தனியாக ஒரு சேவ் போட்டு வையுங்கள்.

அப்புறம், நிறுத்துவது எப்படி என்று ஒன்று. மிஷன் நடுவில் நிறுத்தாதீர்கள். தூக்கம் வரும்போது சாலையை விட்டு விலகி, ஒரு மேட்டில் கேம்ப் போடுங்கள். குதிரையைத் தேய்த்துவிட்டு, துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு, காபி கொதிக்க வைத்துக் குடித்துவிட்டுச் சேவ் செய்யுங்கள். மறுநாள் இரவு திறக்கும்போது அதே மேட்டுப் பக்கம்தான் நிற்பீர்கள், குதிரையும் பக்கத்திலேயே இருக்கும்.