மலையில் ஒரு கலைத்திருட்டு: இளையோர் நாவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பழைய ஓவியத்தையோ சிலையையோ திருடுகிறார்கள். இளையோர் நாவலுக்கு அருமையான கரு. பயம், நட்பு, துரோகம், பணத்தாசை, அழகின் மேல் வரும் மயக்கம் எல்லாம் ஒரே கதையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஊட்டியிலோ குன்னூரிலோ கொடைக்கானலிலோ கதையை வைத்தால் பனிமூட்டமும் பழைய பங்களாக்களும் கேட்காமலே வந்து சேரும். கோத்தகிரிப் பக்கம் எழுதத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளும், அவர்களுக்காக எழுதும் பெரியவர்களும் இப்படிப்பட்ட கதைகளை என்னிடம் படிக்கக் கொடுப்பதுண்டு. ஆசையோடு வாங்கிப் படிப்பேன். பாதியில் கதை படுத்துவிடும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: திருடுபோகும் பொருளைப் பற்றி எழுதியவர் யோசித்திருக்க மாட்டார். அது எதனால் ஆனது, எவ்வளவு எடை, யாருடையது, அது போனால் யார் வீட்டுச் சுவர் காலியாகும் என்பதற்கெல்லாம் பதில் இருக்காது. 'கோடிக்கணக்கில் விலைபோகும் அபூர்வப் பொருள்' என்று ஒரே வரியில் தாண்டிவிடுவார். மற்ற தவறுகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

பொருள் தெரியாமல் திருடப் போவது

அடிக்கடி பார்க்கும் காட்சி இது. துரைமார் காலத்து எஸ்டேட் பங்களா. வரவேற்பறையில் பெரிய எண்ணெய் வண்ண ஓவியம். பையன் பிளேடால் நான்கு ஓரத்தையும் சர்ரென்று அறுத்து, துணியைச் சுருட்டி, ஸ்கூல் பேக்கில் செருகிக்கொண்டு ஜன்னல் வழியாகக் குதிக்கிறான். அடுத்த அத்தியாயத்தில் ஓவியம் புதுசு மாதிரி விரிகிறது.

விரியாது. நூறு வருடம் காய்ந்த எண்ணெய் வண்ணம் இறுகிப் போயிருக்கும். வண்ணம் உட்பக்கமாக இருக்கும்படி இறுக்கிச் சுருட்டினால் அந்தப் படலம் நசுங்கி வெடித்து, விரிக்கும்போது செதில் செதிலாக உதிரும். வேறு வழியில்லாமல் சுருட்ட வேண்டி வந்தால், ஓவியப் பாதுகாப்பு வேலை தெரிந்தவர்கள் வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி அகலமான உருளையில்தான் சுற்றுவார்கள். நம் மலைப் பங்களா ஓவியத்தில் இன்னும் சில சங்கதிகள் உண்டு. வருடத்தில் பாதி நாள் ஈரம். சட்டத்தைத் திருப்பினால் துணியின் பின்புறம் பூஞ்சைப் புள்ளிகள் தெரியும். ஆணிகள் துருப்பிடித்து, அந்தத் துரு துணியைத் தின்று, ஆணியைச் சுற்றி ஓட்டை விழுந்திருக்கும். மரச்சட்டம் ஊதியிருக்கும். பிளேடை எடுக்கும் பிள்ளையின் கையில் முதலில் ஒட்டுவது அந்தத் துருப்பொடிதான். பையனின் விரல் இடுக்கில் மறுநாள் பள்ளியிலும் அது தெரியட்டும். துப்பு அங்கேயே கிடைத்துவிடும்.

1990 மார்ச் 18 அன்று பாஸ்டன் நகரின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் போலீஸ் உடையில் வந்த இருவர் 81 நிமிடங்களில் 13 பொருள்களை எடுத்துப் போனார்கள். ரெம்பிராண்ட் ஓவியங்கள் இரண்டைச் சட்டத்திலிருந்து அறுத்தே எடுத்தார்கள். இன்றுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. வெறும் சட்டங்கள் மட்டும் அதே சுவரில் தொங்குகின்றன. அறுத்து எடுப்பது ஒரு ஓவியத்தைப் பாதி கொல்வதற்குச் சமம் என்பதை உங்கள் கூட்டத்தில் ஒரு பிள்ளையாவது உணர வேண்டும். ஓவியம் வரையத் தெரிந்த பெண் ஒருத்தி கூட்டத்தில் இருந்தால், பிளேடைப் பிடுங்கி எறிவது அவளாகத்தான் இருக்கும். முதல் சண்டை அங்கே வெடிக்கட்டும்.

தஞ்சாவூர் ஓவியம் என்றால் கதை வேறு. அது பலகை. அதன்மேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்த கலவையால் மேடு எழுப்பி, தங்கத் தகடும் கற்களும் பதித்திருப்பார்கள். சுருட்டவும் முடியாது, மடிக்கவும் முடியாது. ஒரு முனை தரையில் இடித்தால் மேட்டு வேலை பொரிந்துவிடும். பெரிய படம் என்றால் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். கோத்தகிரியில் வீடுகளுக்கு இடையே செங்குத்தாக இறங்கும் படிகளில், எதிரே வருகிறவர் முகம் தெரியாத பனியில், இரண்டு பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு இறங்குவதை நினைத்துப் பாருங்கள். அது போதும். லேசர் கதிர்களும் கண்ணாடிக் கூரையும் வேண்டவே வேண்டாம்.

ஐம்பொன் சிலையைத் திருடுகிறீர்களா? சோழர் காலச் சிலைகள் உள்ளே வெற்றிடம் இல்லாமல் கெட்டியாக வார்க்கப்பட்டவை. நாலடி நடராஜரைப் பதினைந்து வயதுப் பையன் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான் என்று எழுதினால் எந்த வாசகரும் நம்ப மாட்டார். ஒரு சாண் உயர உற்சவர் என்றால் சரி.

விற்பதைச் சுலபம் என்று நினைப்பது

திருடுவது ஒரு ராத்திரி வேலை. விற்பதுதான் நாவல். 1911இல் மோனாலிசாவை லூவரிலிருந்து எடுத்துப் போன வின்சென்சோ பெருஜியா அதை இரண்டு வருடத்துக்கு மேல் பாரிஸில் தன் அறையில் ஒளித்து வைத்திருந்தான். 1913 டிசம்பரில் ஃபிளாரன்ஸில் ஒரு கலைப்பொருள் வியாபாரியிடம் கொண்டு போனபோது மாட்டிக்கொண்டான். உலகத்துக்கே தெரிந்த பொருளை யாரிடம் விற்பது?

நம் ஊர்க் கதை இதைவிடக் கனமானது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் பூட்டிக் கிடந்தது. 2006 வாக்கில் அங்கிருந்து நடராஜர் களவு போனார். களவு போனது வெளியே தெரிந்ததே 2008இல்தான். அதே ஆண்டு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அந்தச் சிலையை 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. சிலை வெகுகாலத்துக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போய்விட்டது என்று பொய்யான உடைமைச் சான்றுகள் தயாராகியிருந்தன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய கோயில் புகைப்படங்கள் அந்தப் பொய்யை உடைத்தன. 2014இல் சிலை திரும்பி வந்தது. சிலையை விற்ற வியாபாரி சுபாஷ் கபூர் 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டு, 2012இல் இங்கே கொண்டுவரப்பட்டார். உடையார்பாளையம் கோயில் சிலை வழக்கில் 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறை விதித்தது.

இதில் நாவலாசிரியருக்குத் தேவையானது எல்லாம் இருக்கிறது. பூட்டை உடைத்தவன் கையில் பெரும்பணம் வரவே வராது. பணம் காகிதத்தில் இருக்கிறது. அந்தக் காகிதத்தைத் தயாரிக்கத் தெரிந்த ஒரு பெரியவர் பிள்ளைகளுக்கும் வெளியுலகுக்கும் நடுவில் நின்றாக வேண்டும். நான் படித்த கதைகளில் அந்த ஆள் எப்போதும் வாட்ஸ்அப்பில் ஒரு முகமில்லாத வெளிநாட்டுக்காரர். அது பெரிய நஷ்டம். அவரை ஊருக்குள் கொண்டு வாருங்கள். பிள்ளைகளிடம் அன்பாகப் பேசுகிறவர், புத்தகம் இரவல் கொடுக்கிறவர், 'கண்ணு, இதெல்லாம் இங்கே கிடந்து வீணாத்தான் போகுது' என்று சொல்கிறவர். நூறு ஆண்டைக் கடந்த கலைப்பொருளை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது.

போலிப் பொருளை வைத்து அசலை எடுப்பது சினிமாத்தனம் என்று சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். கும்பகோணம் அருகே சிவபுரத்தில் 1950களில் பழுது பார்க்கக் கொடுத்த நடராஜருக்குப் பதிலாக நகல்தான் கோயிலுக்குத் திரும்பி வந்தது. அசல் அமெரிக்கக் கலைச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமன் வசம் போய், 1986இல்தான் மீண்டு வந்தது. இடைப்பட்ட காலத்தில் நகலுக்கு முன்னால் நின்று கும்பிட்டவர்களின் வேண்டுதல் என்ன ஆயிற்று என்று உங்கள் கதையில் ஒரு பாட்டி கேட்டால், திருடிய பிள்ளை என்ன பதில் சொல்லும்? அந்தப் பதிலை எழுதத்தான் இந்த நாவலே.

மலையை வெறும் திரைச்சீலை ஆக்குவது

தப்பி ஓடும் அத்தியாயத்தில் பலரும் சறுக்குகிறார்கள். நீலகிரி மலையிலிருந்து இறங்கும் சாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போனால் பர்லியார், கோத்தகிரி வழியாகப் போனால் குஞ்சப்பனை, கர்நாடகத்துக்கு கக்கநல்லா, கேரளத்துக்கு நாடுகாணி. எங்கும் சோதனைச்சாவடி. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு. நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 உள்ள வண்டிக்கு அது தேவையில்லை. ஆக, வெளியூர் இடைத்தரகர் தன் காரை மேலே கொண்டுவந்தால் பதிவு விழும். உள்ளூர்ப் பையனின் சித்தப்பா வண்டி அவருக்கு எதற்குத் தேவைப்படுகிறது என்பதற்கு இது நல்ல காரணம். இன்னொன்று, சாவடியில் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மழைக்குப் பயந்து ஓவியத்தை பிளாஸ்டிக் உறையில் சுற்றினால் அதுவே காட்டிக்கொடுக்கும்.

ராத்திரியில் கால்நடையாகப் போகலாமே என்றால் தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை நிற்கும், கரடி வரும். விளக்கில் ஊற்றும் எண்ணெயின் வாசத்துக்குக் கோயில் கதவைக் கரடி உடைப்பது குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக்காரர்களுக்குப் புதுச் செய்தி இல்லை. கோயில் கதவு உடைந்து கிடந்தால் ஊர் முதலில் கரடி என்றுதான் நினைக்கும். இதைத் தெரிந்த ஒரு உள்ளூர்ப் பிள்ளை எண்ணெயைக் கொட்டிவிட்டுப் போனால் ஒரு முழு நாள் கையில் கிடைக்கும். வனத்துறைக்காரர் வந்து நகக்கீறல் எங்கே என்று தேடும்வரை.

பழனி மலையில் கதை வைப்பவர்கள் வரைபடத்தைக் கொஞ்சம் பாருங்கள். கொடைக்கானல் பழனி மலைத்தொடரில் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளைகள் மாலையில் நடந்து பழனி முருகன் கோயிலுக்குப் போய்விட முடியாது. மலைப்பாதையில் அறுபது கிலோமீட்டருக்கு மேல். பெருமாள்மலையில் பழனிச் சாலையும் வத்தலக்குண்டுச் சாலையும் பிரிகின்றன. துரத்தல் காட்சிக்கு அந்த முக்கு நன்றாக உதவும்.

பழங்குடி மக்களை மர்மத்துக்குப் பயன்படுத்துவது

இதுதான் எனக்கு மிகவும் மனக்கஷ்டம் தரும் தவறு. ஒரு தோடர் முதியவர் வந்து சாபம் சொல்கிறார். ஒரு கோத்தர் கோயிலில் மந்திரச் சிலை இருக்கிறது. குறும்பர் ஒருவர் காட்டுக்குள் வழிகாட்டிவிட்டு மறைந்துபோகிறார். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு சமூகங்கள் இங்கே வாழ்கின்றன. அவர்களின் பிள்ளைகள் அதே பள்ளியில், அதே பஸ்ஸில் வருகிறார்கள். நாவலில் மட்டும் ஏன் அவர்கள் புகைமூட்டத்திலிருந்து எழுந்து வர வேண்டும்? திருடும் கூட்டத்தில் ஒருவராக, கோபமும் கிண்டலும் பரீட்சைப் பயமும் உள்ள பிள்ளையாக வரட்டும்.

கலைத்திருட்டுக் கதைக்கு நீலகிரியிலேயே மிகக் கூர்மையான கேள்வி ஒன்று காத்திருக்கிறது. நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் 1870களின் தொடக்கத்தில் மலையுச்சிகளில் இருந்த பழங்கால ஈமக் கல்வட்டங்களைத் தோண்டினார். எருமையும் பிற விலங்குகளும் மூடியில் உட்கார்ந்திருக்கும் மண்கலங்கள், வெண்கலக் கிண்ணங்கள், தங்க நகைகள் கிடைத்தன. இன்று நீலகிரிப் பொருள்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. ஈமக்குழியிலிருந்து அதிகாரி எடுத்தால் ஆராய்ச்சி, பதினேழு வயதுப் பெண் பங்களா அலமாரியிலிருந்து எடுத்தால் திருட்டா என்று ஒரு பாத்திரம் கேட்கட்டும். மற்றொரு பிள்ளை அதற்கு மறுப்புச் சொல்லட்டும். யார் சொல்வது சரி என்று நீங்கள் தீர்ப்பு எழுத வேண்டாம்.

பாறை ஓவியங்களைக் கதையில் கொண்டு வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோத்தகிரிப் பக்கம் கரிக்கையூர் ஓவியங்களை ஏற்கெனவே ஆட்கள் கீறிக் கெடுத்திருக்கிறார்கள். அவற்றைத் திருட முடியாது, அழிக்கத்தான் முடியும். அங்கே போகும் வழியை நாவலில் விவரித்து எழுதாதீர்கள்.

எல்லோரும் ஒரே தமிழ் பேசுவது, எல்லோருக்கும் பணம் மட்டுமே காரணம்

படுகர் வீட்டுப் பையன், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் லைன் வீட்டில் குடியேறிய குடும்பத்தின் பேத்தி, கூடலூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிய மலையாளம் கலந்து பேசும் பெண். இவர்கள் மூவரும் சென்னைப் பிள்ளைகள் மாதிரி 'மச்சி' போட்டுப் பேசுவது காதில் உறுத்துகிறது. பணத் தேவையும் ஒருவருக்கு ஒருவர் மாறும். லைன் வீட்டை எப்போது காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயத்தில் திருட வருபவளும், வீட்டில் யாரும் கவனிக்கவில்லை என்று வருபவனும் பங்கு பிரிக்கும்போது ஒரே மாதிரி பேச மாட்டார்கள்.

பிடிபட்ட பிறகு பெரியவர்களுக்கான ஜெயிலைக் காட்டுவது

பதினெட்டு வயது நிறையாத பிள்ளைக்கு விலங்கு மாட்டி, லாக்கப்பில் தள்ளி, செய்தித்தாளில் பெயர் போடும் காட்சி வேண்டாம். அப்படி நடந்தால் அது சட்டமீறல் என்பதையும் கதை சொல்ல வேண்டும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் பிள்ளையை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் இருப்பார்கள். தங்க வைப்பது கூர்நோக்கு இல்லத்தில். பெயரை வெளியிடக்கூடாது. வழிபாட்டுத் தலத்திலிருந்து சிலை திருடினால் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு என்றாலும், குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டாக உள்ள குற்றங்களில்தான் 16 வயதைத் தாண்டியவரைப் பெரியவராக விசாரிப்பது பற்றிக் குழுமம் யோசிக்கும். கூட்டத்தில் ஒருவனுக்கு மட்டும் திருட்டுக்கு முந்தைய மாதமே பதினெட்டு நிறைந்திருந்தால்? அவன் பாதை அங்கேயே பிரிந்துவிடும். மற்றவர்கள் குழுமத்துக்குப் போவார்கள், அவன் பெரியவர்களின் நீதிமன்றத்துக்குப் போவான். அந்தப் பிறந்தநாளை மூன்றாம் அத்தியாயத்திலேயே கேக் வெட்டிக் கொண்டாடிவிடுங்கள்.

கடைசியாக, சிலையைத் திருப்பி வைத்தவுடன் மணி அடித்து, தீபாராதனை காட்டி முடிக்கும் அத்தியாயம். மீட்கப்பட்ட பொருள் முதலில் வழக்குச் சொத்து. நீதிமன்றத்துக்குப் போகும், வழக்கு முடியக் காத்திருக்கும். பாதுகாப்பு இல்லாத கோயில்களின் சிலைகள் அரசின் திருமேனிப் பாதுகாப்பு மையங்களில் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கின்றன. திருவாரூரில் அப்படியொரு பெரிய மையம் இருக்கிறது. உங்கள் ஊர்ச் சிலையும் அங்கே போகலாம். கோயிலில் வெறும் பீடத்துக்குப் பூ வைத்து ஒரு திருவிழா நடக்கலாம். திருடிய பிள்ளைகளில் யார் அந்தத் திருவிழாவுக்கு வருகிறார், யார் வராமல் இருக்கிறார், வந்தவரை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதை எழுத ஒரு தனி அத்தியாயம் ஒதுக்குங்கள்.