துப்பாக்கி தெர்மாமீட்டரால் கார் எஞ்சின் சூட்டைப் பார்ப்பது எப்படி

கொரோனா சமயத்தில் வாங்கிய நெற்றி தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, 300 டிகிரி வரையாவது காட்டும் சாதாரண இன்டஸ்ட்ரியல் வகை வேண்டும். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் எமிசிவிட்டி (ஒரு பரப்பு எவ்வளவு நன்றாக வெப்பக் கதிரை வெளியிடுகிறது என்ற அளவு) 0.95 என்றே நிலையாக இருக்கும், மாற்ற முடியாது, அதனால் பளபளக்கும் அலுமினியத்தைக் குறிவைத்தால் உண்மையைவிட ரொம்பக் குறைவாகக் காட்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போதே தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் திறந்து கூலன்ட்டை, அதாவது குளிர்விக்கும் திரவத்தை, ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மூடிமேல் தீப்பெட்டி அளவு இடத்தில், சூடு தாங்கும் மேட் கறுப்பு பெயின்ட் அடித்துவிடுங்கள், இனி எப்போதும் அங்கேயே அளக்கலாம். தெர்மாமீட்டரில் 12:1 என்று போட்டிருந்தால் 12 அங்குலத்தில் 1 அங்குல வட்டத்தின் சராசரி வருகிறது என்று அர்த்தம், லேசர் புள்ளியை மட்டும் அது அளப்பதில்லை. ஆகவே கிட்டத்தில் பிடியுங்கள், ஆனால் ஃபேன், பெல்ட் பக்கம் கை போகவே கூடாது.

சரி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். மேல் ஹோஸ் (எஞ்சினிலிருந்து ரேடியேட்டரின் மேற்பகுதிக்குப் போகும் ரப்பர் குழாய்) பக்கம் தெர்மோஸ்டாட் உள்ள கார்களில் அந்த ஹோஸ் முதலில் சூடேறாமல் இருந்து, தெர்மோஸ்டாட் திறந்ததும் (பல கார்களில் 82 முதல் 90 டிகிரிக்குள்) சட்டென்று ஏறும். கூலன்ட் சரியாக இருந்தும் ஹோஸ் சூடாகவில்லை, மூடி மட்டும் 100-ஐத் தாண்டுகிறது என்றால் என் முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல்தான், உடனே எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் ரேடியேட்டரை எஞ்சின் பக்கமிருந்து மெதுவாக அளந்துகொண்டே போங்கள், நடுவே ஒரு இடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே அடைப்பு இருக்கலாம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள்.