புதிய இரட்டை அலைவரிசை ரவுட்டர்: அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடுகளில் வைஃபை அமைத்துத் தருவதும், தாமே அமைத்துக்கொண்டு தடுமாறுபவர்களுக்குச் சரிசெய்து கொடுப்பதும் என் வேலையின் ஒரு பகுதி. புதிதாக இரட்டை அலைவரிசை ரவுட்டர் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டிலும் வைஃபை தருவது) வாங்கியவர்களின் வீடுகளில் நான் காணும் பிழைகள், இந்த வேலையில் இருக்கும் ஏறக்குறைய எல்லோரும் கற்றுக்கொண்ட காலத்தில் செய்தவைதாம். ரவுட்டரை இரும்பு அலமாரிக்குள் வைக்கக் கூடாது, பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைக்கக் கூடாது என்பனவற்றைப் பெட்டியோடு வரும் தாளே சொல்லிவிடும். அவற்றை விட்டுவிட்டு, எல்லாம் சரியாக நடப்பதுபோல் தோன்றிக்கொண்டே பல மாதங்கள் தொல்லை கொடுக்கும் தவறுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே வீட்டில் இரண்டு ரவுட்டர்கள்

இணைய நிறுவனம் ஏற்கெனவே ஒரு பெட்டியைப் பொருத்திவிட்டுப் போயிருக்கும். ஒளியிழை வந்து சேரும் அந்தப் பெட்டியைப் பலரும் மோடம் என்றே சொல்கிறார்கள். ஆனால் வைஃபையும் தரும் பெட்டி என்றால் அதற்குள்ளேயே ஒரு முழு ரவுட்டர் இயங்கிக்கொண்டிருக்கிறது என்பதே பொருள். புதிய ரவுட்டரை வாங்கியவர், பழைய பெட்டியின் 'லேன்' (வீட்டுக் கருவிகளுக்கான) துளையிலிருந்து ஒரு கேபிளை எடுத்துப் புதியதன் 'வேன்' (இணையம் உள்ளே வரும்) துளையில் செருகுகிறார். பச்சை விளக்கு எரிகிறது. கைபேசியில் காணொளி தடையின்றி ஓடுகிறது. வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார். அந்த நிமிடத்திலிருந்து அவர் வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வேலையைச் செய்யத் தொடங்குகின்றன.

வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் உள்முகவரி கொடுக்கிறது. கருவி வெளியே பேசும்போது அந்த முகவரியை நீக்கிவிட்டுத் தன் முகவரியை வைத்து அனுப்புகிறது. பதில் வரும்போது தன் குறிப்பேட்டைப் பார்த்து உரிய கருவியிடம் சேர்க்கிறது. இந்த முகவரி மாற்றத்தைத்தான் 'நாட்' என்கிறோம். இரண்டு ரவுட்டர்கள் இருந்தால் இது இரண்டு முறை நடக்கிறது. வீட்டிலிருந்து வெளியே தொடங்கும் உரையாடல்களுக்கு இதனால் பெரிய இடையூறு இல்லை; அதனால்தான் இணையதளங்களும் காணொளிகளும் வழக்கம்போல் வருகின்றன. வெளியிலிருந்து உள்ளே வர வேண்டியவையும், வீட்டுக்குள்ளேயே ஒரு கருவி இன்னொன்றைத் தேட வேண்டியவையும் சிக்கிக்கொள்கின்றன. கண்காணிப்புக் கேமராவுக்காகப் புதிய ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து வரும் இணைப்புக்கான எண்ணிட்ட வாசல்) திறந்துவிட்டால், அதற்கு முன்னால் நிற்கும் பழைய பெட்டிக்கு அது தெரியாது. விளையாட்டுக் கருவி, நாட் 'கண்டிப்பான' நிலையில் இருப்பதாக எச்சரித்துக்கொண்டே இருக்கும்.

இந்தத் தவறு இன்றும் என்னை எரிச்சலூட்டுவதற்குக் காரணம், இது மற்ற கருவிகளின் மேல் பழியைப் போட்டுவிடுகிறது என்பதே. ஒரு வீட்டில் பழைய பெட்டியின் வைஃபையை அணைக்காமலே புதிய ரவுட்டரைச் சேர்த்திருந்தார்கள். பிரிண்டர் பழைய வைஃபையிலேயே இருந்தது; மடிக்கணினி புதியதற்கு மாறிவிட்டது. பிரிண்டரைத் தேடி மடிக்கணினி விடும் அழைப்பு, தன் ரவுட்டரின் எல்லையைத் தாண்டிப் போகாது என்பதால், பிரிண்டர் இல்லை என்றே கணினி சொல்லிக்கொண்டிருந்தது. பிரிண்டர் பழுதாகிவிட்டது என்று முடிவுசெய்து வேறொன்று வாங்கினார்கள். அதைப் புதிய வைஃபையில் சேர்த்ததால் அது உடனே வேலை செய்தது. ஆகவே பழைய பிரிண்டர் பழுது என்ற தவறான முடிவு உறுதியாகிவிட்டது. பிறகு கைபேசியிலிருந்து தொலைக்காட்சிக்குப் படம் அனுப்ப முடியவில்லை என்றதும், சிக்னல் போதவில்லை என்று, அதை வாங்கி மீண்டும் பரப்பும் ஒரு ரிப்பீட்டரையும் வாங்கினார்கள். நான் போய்ப் பார்த்தபோது மூன்று வைஃபை பெயர்கள் அந்த வீட்டில் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தன. ஓரங்கட்டப்பட்ட பிரிண்டர் எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது. தேவையில்லாமல் வாங்கிய அத்தனைக்கும் அடியில் இருந்தது, எந்தப் பெட்டி ரவுட்டர் என்று முதல் நாளே யாரும் முடிவு செய்யாததுதான்.

சரிபார்ப்பது எளிது. புதிய ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் (உலாவியில் திறக்கும் அதன் அமைப்புப் பக்கம்) இணைய இணைப்பின் கீழ்த் தெரியும் முகவரியைப் பாருங்கள். அது 192.168 என்றோ, 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரையிலான எண்களிலோ தொடங்கினால், அது பொது முகவரி அன்று. பெரும்பாலும் முன்னால் இன்னொரு ரவுட்டர் நிற்கிறது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், இணைய நிறுவனமே தன் பக்கத்தில் ஒரு முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து தருகிறது. அதற்கு வீட்டுப் பெட்டி காரணமில்லை. சில நிறுவனங்கள் 10 என்று தொடங்கும் முகவரிகளையும் அப்படிப் பயன்படுத்துவதுண்டு என்பதால், ஐயம் இருந்தால் இணையத்துக்குப் போகும் வழியில் உள்ள கருவிகளின் முகவரிகளை வரிசையாகக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையைக் கணினியில் இயக்குங்கள். இரண்டாவது வரியில் வரும் முகவரியை உலாவியில் இட்டதும் பழைய பெட்டியின் நிர்வாகப் பக்கம் திறந்தால் வேறு சான்று தேவையில்லை.

தீர்வு இரண்டு வகை. பழைய பெட்டியைப் 'பிரிட்ஜ்' நிலைக்கு மாற்றி, ரவுட்டர் வேலை முழுவதையும் புதியதிடம் ஒப்படைப்பது ஒன்று. இதற்குச் சில இணைப்புகளில் பயனர்பெயர், கடவுச்சொல், விலேன் எண் (நிறுவனம் தன் இணைப்பைப் பிரித்தறிய வைக்கும் எண்) ஆகியவை தேவைப்படும்; அவற்றை நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பெற்ற பிறகே எதையும் தொட வேண்டும். பெட்டி வழியாகத் தொலைபேசிச் சேவையும் வருகிறது என்றால், பிரிட்ஜ் நிலையில் அது தொடருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். புதிய ரவுட்டரை 'ஆக்ஸஸ் பாயின்ட்' நிலையில் வைத்து, வைஃபை தரும் வேலையை மட்டும் அதற்குக் கொடுப்பது மற்றொன்று. இரண்டே நிமிடத்தில் முடியும் இந்த வழியில், புதிய ரவுட்டரில் இருக்கும் குழந்தைகளுக்கான கட்டுப்பாடு, போர்ட் திறத்தல் போன்ற வசதிகள் பொதுவாகச் செயல்படா. அந்த வசதிகளுக்காகவே ரவுட்டர் வாங்கியவருக்கு முதல் வழியே ஏற்றது; சிக்னல் மட்டும் போதும் என்பவருக்கு இரண்டாவதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். எதைத் தேர்ந்தாலும் பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய பெட்டியின் நிர்வாகக் கடவுச்சொல் தெரியவில்லை என்பதற்காக, அதன் பின்புறத்துச் சிறு துளையில் ஊசியை விட்டு ரீசெட் செய்யாதீர்கள். நிறுவனம் அதில் பதித்துவிட்டுப் போன இணைப்பு விவரங்களும் சேர்ந்தே அழியக்கூடும். அழிந்தால் அவர்களே மீண்டும் அமைத்துத் தரும்வரை வீட்டில் இணையமே இருக்காது. அவசரமான வேலை இருக்கும் நாளில் இப்படி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்தத் தவிப்பு இன்னொருவருக்கு வர வேண்டியதில்லை.

இரண்டு அலைவரிசைகளுக்கு இரண்டு பெயர்கள்

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டி அதிக தொலைவு போகும், ஆனால் நெரிசலானது; 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர்களில் விரைவில் தளர்ந்துவிடும். இதைப் படித்தவர்கள் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்து, தாமே தேர்ந்தெடுக்க நினைக்கிறார்கள். நடைமுறையில், தொலைவில் உள்ள அறையில் 2.4-க்கு மாறிய கைபேசி, ரவுட்டருக்குப் பக்கத்தில் வந்த பிறகும் அதிலேயே ஒட்டிக்கொண்டு மெதுவாகவே இயங்கும். ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் வைத்து, தேர்வைக் கருவிகளிடமே விட்டுவிடுவது பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. வைஃபை விளக்குகள், பிளக்குகள் போன்றவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே அறிந்தவை. 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும் கைபேசியால் அவற்றை முதன்முதலில் இணைக்கும்போது சில சமயம் தோல்வியே வரும். விருந்தினர் வைஃபையை 2.4-இல் மட்டும் இயக்கி அவற்றை அங்கே சேர்ப்பது நல்லது. பாதுகாப்புக்கும் அது உகந்தது. பழைய கருவிகள் இருக்கும் வீட்டில், வைஃபை பாதுகாப்பு முறைகளில் புதியதான டபிள்யூபிஏ3-ஐ மட்டும் தேர்ந்தால் அவை உள்ளே நுழையவே முடியாது. டபிள்யூபிஏ2-உம் 3-உம் கலந்த நிலையைத் தேர்ந்தெடுங்கள்.

2.4-இல் 40 மெகாஹெர்ட்ஸ் அகலம்

வேண்டாம். ரவுட்டர் பேசும் அலைத் தடத்தின் (சேனலின்) அகலம் 20 போதும், சேனல் 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றையே தேர்ந்தெடுங்கள், ஏனெனில் ஒன்றன்மேல் ஒன்று படியாத சேனல்களாக வழக்கமாகப் பயன்படுபவை இவை மூன்றுமே.

5 கிகாஹெர்ட்ஸ் காணாமல் போவது

ரவுட்டரை இயக்கியதும் 2.4-இன் பெயர் தெரிகிறது, 5-இன் பெயர் தெரியவில்லை, கருவி பழுது என்று நினைத்து மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் இயக்குகிறார்கள், மறுபடியும் தெரியவில்லை. உண்மையில் 5 கிகாஹெர்ட்ஸின் சில சேனல்களை, குறிப்பாக 52 முதல் 64 வரையும் 100 முதல் 144 வரையும் உள்ளவற்றை, ரேடார்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருப்பதால், ஒளிபரப்பத் தொடங்குமுன் ரேடார் அலை இருக்கிறதா என்று ரவுட்டர் ஏறத்தாழ ஒரு நிமிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். சில சேனல்களுக்கு இந்தக் காத்திருப்பு பத்து நிமிடம் வரை நீளும். பொறுமையிழந்து நிறுத்தி இயக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கிவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ரேடார் தென்பட்டால் ரவுட்டர் வேறு சேனலுக்குத் தாவிவிடும். விமான நிலையத்துக்கோ வானிலை ரேடாருக்கோ அருகில் வசிப்பவர்களுக்கு 36 முதல் 48 வரையிலான சேனல்களே நிம்மதி தரும்.

அட்டைப்பெட்டியில் உள்ள எண்ணை நம்புவது

ஏசி1200 என்ற எண், 2.4-இன் 300 எம்பிபிஎஸ்ஸையும் 5-இன் 867-ஐயும் கூட்டி முழுமைப்படுத்திய ஏட்டுக் கணக்கு. எந்த ஒரு கைபேசிக்கும் அந்த வேகம் கிடைக்காது. அதைவிட முக்கியமாக, இந்த வகையில் சில மாடல்களின் கேபிள் துளைகள் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடுகின்றன. 300 எம்பிபிஎஸ் இணைப்பு வைத்திருப்பவர் அதை வாங்கினால் மூன்றில் ஒரு பங்கைத்தான் பார்ப்பார். துளைகள் கிகாபிட்டா (1000 எம்பிபிஎஸ்) என்று வாங்குமுன் பாருங்கள். கிகாபிட்டாக இருந்தும் 95-ஐத் தாண்டவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள்: கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடியே போதும் என்பதால், ஒரு கம்பி அறுந்த கேபிள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும்.

ஆன்டெனாவை அறையை நோக்கி நீட்டுவது

கோல் போன்ற ஆன்டெனா தன் நுனியின் திசையில் மிகக் குறைவாகவும், பக்கவாட்டில் மிக அதிகமாகவும் அலையைப் பரப்புகிறது. ஒரே தளத்தில் உள்ள வீட்டுக்கு அவை செங்குத்தாக நிற்பதே சரி. மாடியும் உண்டு என்றால் ஒன்றை மட்டும் கிடையாகச் சாய்த்துப் பாருங்கள்.

டபிள்யூபிஎஸ்

அணைத்துவிடுங்கள். பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணை இட்டோ, வைஃபை கடவுச்சொல் இல்லாமலே கருவியை இணைக்கும் வசதி இது; அந்த எண்ணை அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளிவந்துவிட்டது.

நிர்வாகக் கடவுச்சொல்

வைஃபை கடவுச்சொல்லை மாற்றியவர்கள், நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல் வேறு என்பதை மறந்துவிடுகிறார்கள். 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பயனர்பெயரும் கடவுச்சொல்லும் மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையுமே தேடிப் பிடித்தது.

ஃபர்ம்வேர்

ரவுட்டருக்குள் இயங்கும் இந்த மென்பொருளை முதல் நாளே புதுப்பியுங்கள்.

வேகத்தைத் தொலைவிலிருந்து அளப்பது

எல்லாம் முடிந்ததும் கடைசி அறையில் படுத்துக்கொண்டு வேகத்தை அளந்து, ரவுட்டர் சரியில்லை என்று முடிவுகட்டுபவர்கள் ஏராளம். முதலில் கணினியைக் கேபிள் வழியாகப் பழைய பெட்டியில் இணைத்து அளக்க வேண்டும்; அதைப் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றப் போகிறீர்கள் என்றால் மாற்றுமுன்பே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்துப் புதிய ரவுட்டரில் கேபிள் வழியாக, பிறகு அதே அறையில் 5 கிகாஹெர்ட்ஸில், கடைசியாகத் தொலைவில் உள்ள அறையில். முதல் அளவே குறைந்தால் இணைய நிறுவனத்தைக் கேட்க வேண்டும். இரண்டாவதில் குறைந்தால் கேபிளையும் துளையையும், மூன்றாவதில் குறைந்தால் சேனலையும் அகலத்தையும் பார்க்க வேண்டும். நான்காவது மட்டும் குறைந்தால் ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு நகர்த்த நீளமான கேபிள் ஒன்று வாங்குங்கள். ரிப்பீட்டரைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.